ஃபார்முலா ரிக்கில் கால் மரத்துப்போனால் முதலில் எதைத் திருத்த வேண்டும்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கணினியில் கார் பந்தயம் ஆடும் சிம் ரேஸிங்குக்காக, இருக்கை, ஸ்டீயரிங், பெடல்களைப் பொருத்த வெல்டிங் செய்த இரும்புச் சட்டம் (ரிக்) ஒன்றை வாங்கி, ஃபார்முலா கார் போல இருக்க வேண்டும் என்று பெடல்களை உயர்த்திப் பொருத்தினேன். 20 நிமிடத்தில் பாதம் மரத்துப்போகிறது, வால் எலும்பு வலிக்கிறது, மறுநாள் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. பழகிவிடும் என்கிறார் விற்றவர். இல்லாவிட்டால் விலை கூடிய ஃபார்முலா இருக்கை ஒன்றைத் தருவிப்பதாகச் சொல்கிறார். வாங்கலாமா?”

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் பெடலை உயர்த்தினீர்கள்; இருக்கையின் அடிப்பலகையைத் தட்டையாகவே விட்டுவிட்டீர்கள். குதிகால் உயர்ந்தால் முழங்காலும் உயரும், தொடை மெத்தையை விட்டு எழும்பிவிடும். அதுவரை தொடையும் பிட்டமும் பங்கிட்டுத் தாங்கிய எடை, வால் எலும்பைச் சுற்றியுள்ள சிறிய இடத்தில் வந்து இறங்குகிறது. பெடல் தூரத்தில் இருந்து முழங்காலும் நீண்டுவிட்டால், இடுப்பிலிருந்து காலின் பின்புறமாக இறங்கும் நரம்பு இழுபட்டுப் பாதம் மரத்துப்போகும். இது பழகிக்கொள்ள வேண்டிய உபாதை அன்று. எழுந்து நடந்த பிறகும் மரமரப்பு நீங்காவிட்டாலோ, பாதத்தைத் தூக்கவே பலமில்லை என்று தோன்றினாலோ, ரிக்கை அப்படியே விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஃபார்முலா ஒன் ஓட்டுநர் படுத்தாற்போல் அமர்வது வசதிக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிலையைக் காற்றோட்டமே தீர்மானித்தது. 1990இல் டைரல் அணியின் 019 காரின் மூக்கு தரையிலிருந்து உயர்த்தப்பட்டு, அடியில் காற்றுக்கு வழிவிடப்பட்டது. மற்ற அணிகளும் அவ்வழியில் போகவே, கார்களின் மூக்கு உயர உயர ஓட்டுநரின் கால்களும் உயர்ந்தன. அவரவர் உடலை வைத்தே நுரையில் வார்த்தெடுத்த இருக்கையும் இறுக்கிய பட்டைகளும் அவர்களைத் தாங்குகின்றன. பிரேக் பிடிக்கையில் காரின் வேகம் சட்டென்று குறைவதால், முன்னோக்கித் தள்ளப்படும் காலின் எடையே மிதிக்கு உதவுகிறது. உங்கள் அறையில் அசையாமல் நிற்கும் ரிக்கில் அந்த உதவி கிடைக்காது. நீங்கள் மிதிக்கும் விசை முழுவதற்கும் முதுகும் இடுப்புமே முட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே படங்களில் பார்த்த கோணத்தை அப்படியே பின்பற்றாதீர்கள்.

இருக்கையிலிருந்து தொடங்குங்கள். அடிப்பலகையின் முன்விளிம்பை 15 முதல் 20 பாகை வரை உயர்த்தித் தொடை முழுவதும் மெத்தையில் படியச் செய்யுங்கள். சாய்மானத்தைச் செங்குத்திலிருந்து 30 முதல் 35 பாகை பின்னால் சாயுங்கள். கைப்பேசியின் ரசமட்டச் செயலியே இதை அளக்கப் போதும். அடுத்து, குதிகாலை இடுப்பு மூட்டின் உயரத்துக்கே இறக்குங்கள்; அதற்கு மேல் ஏற்றுவதைப் பிறகு யோசிக்கலாம். பிரேக்கை இறுதிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் தெளிவாக மடங்கியிருக்கும் தூரம்தான் சரியான தூரம். லோட் செல் பிரேக் (பெடல் நகரும் தூரத்தை அல்லாமல் மிதிக்கும் விசையை அளப்பது) என்றால் உச்ச விசையை 30 கிலோ அளவில் வைத்துத் தொடங்குங்கள். ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை, தோள்கள் சாய்மானத்தை விட்டு விலகாமல் முழங்கைகள் மடங்கியிருந்தால் சரி.

இனி அந்த விற்பனையாளர்களைப் பற்றி. இந்த வியாபாரத்தில் நான் அடிக்கடி பார்க்கும் ஏமாற்று, ‘ஃபார்முலா கிட்’ என்ற பெயரில் துளையிட்ட இரண்டு வளைதகடுகளை விற்பது. அது பெடலை உயர்த்தும், இருக்கையைச் சாய்க்காது. உங்களைப் போலவே வலியோடு திரும்பி வருபவரிடம் அடுத்ததாக இருக்கையை விற்பார்கள், அதற்கடுத்து வேறொரு ரிக்கையும் விற்பார்கள். பற்றவைத்த சட்டத்தில் எதையும் எளிதில் நகர்த்த முடியாது என்பதை வாங்கும்போது சொல்லவே மாட்டார்கள். எந்தப் பாகம் எத்தனை சென்டிமீட்டர் நகரும், எத்தனை பாகை சாயும் என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் அளவு எழுதி விற்கிறார்கள். மணிக்கணக்கில் உடலை மடக்கி வைக்கும் இந்தச் சாதனத்துக்கு அளவுப்பட்டியல் கொடு என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. உடைந்த பாகத்துக்குப் பொறுப்பேற்கச் சொன்னால் விற்றவர் இறக்குமதியாளரைக் காட்டுகிறார், இறக்குமதியாளர் வெளிநாட்டுத் தொழிற்சாலையைக் காட்டுகிறார். வாங்கியவரின் வலி யார் கணக்கிலும் வருவதில்லை. உங்கள் ஊரில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சாய்வான இரண்டு தாங்கிகளை அளவு கொடுத்துச் செய்துகொண்டு, இருக்கைக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள்.

கழுத்து வலிக்கு வருகிறேன். மானிட்டரின் நடுப்பகுதி கண் மட்டத்தில், ஸ்டீயரிங்கின் மேல்விளிம்புக்குச் சற்றே மேலே இருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் சிறு தலையணை இருக்கட்டும். ப்ரோக்ரஸிவ் அல்லது பைஃபோகல் கண்ணாடி (ஒரே லென்ஸில் மேலே தூரப்பார்வையும் கீழே கிட்டப்பார்வையும் தருவது) அணிபவர்களுக்கு மட்டும் இது போதாது. உங்கள் வயதை நீங்கள் குறிப்பிடவில்லை. நாற்பதைக் கடந்தவர் என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். உடல் பின்னால் சாயும்போது தலையும் சேர்ந்து சாய்கிறது. எதிரே உள்ள திரையைக் காணக் கண் கீழ்நோக்கித் திரும்புகிறது. அப்போது பார்வை லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் போகிறது. அது கையில் பிடித்த புத்தகத்தைப் படிப்பதற்கானது; 60, 70 சென்டிமீட்டரில் இருக்கும் திரை அதில் மங்கலாகவே தெரியும். மங்கலைத் தவிர்க்க நீங்கள் அறியாமலேயே மோவாயை மார்பை நோக்கி இறக்குவீர்கள், தலையின் பாரம் முழுவதும் பிடரித் தசையில் தொங்கும். எந்த இருக்கையும் இதைச் சரிசெய்யாது. கண்ணிலிருந்து திரைவரை உள்ள தூரத்தை அளந்து கண் மருத்துவரிடம் சொல்லி, அந்தத் தூரத்துக்கு மட்டுமான ஒற்றைப் பார்வைக் கண்ணாடி ஒன்றை வாங்கி ரிக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றுங்கள்; மாற்றும் முன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 30 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பாதம் இன்னும் மரத்துப்போனால் குதிகாலை 2 சென்டிமீட்டர் இறக்குங்கள், வால் எலும்பு வலித்தால் முன்விளிம்பை இன்னும் சிறிது உயர்த்துங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் இருக்கையின் பக்கச்சுவர்கள் இடுப்பை அழுத்தினால், அப்போது இடுப்பின் அகலத்தை அளந்துகொண்டு வேறு இருக்கை தேடலாம்.