‘தெரியவில்லை’ என்று முடிந்த கேஸ் ஷீட்

அன்புள்ள சார்,

ஜப்பான் ஆஸ்பத்திரிகளில் வந்த விநோதமான நோயாளிகள் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதை எங்கள் ஹாஸ்டல் பழைய தோழிகள் குரூப்பில் ஒருத்தி போட்டிருந்தாள். இரண்டு முறை படித்தேன். ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதும் ‘கேஸ் ரிப்போர்ட்’டிலிருந்தும் மருத்துவம் வளரும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நான் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், ஒன்பது வருஷ சர்வீஸ். கட்டுரையை எங்கள் டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “சிஸ்டர், ஆயிரம் பேரை வைத்துப் பார்த்தால் ஆராய்ச்சி. ஒரு பேஷன்ட்டை வைத்துச் சொன்னால் அது கதை” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மாமியார்கூடத்தான் எதிர்வீட்டுக்காரருக்கு ஆவாரம்பூ குடித்தே சர்க்கரை போய்விட்டது என்கிறார். அதுவும் ஒரு கேஸ்தானே? என்ன வித்தியாசம்?

இன்னொன்று. ஹாஷிமோட்டோ, டகாயாசு, கவாசாகி என்று ஏன் இத்தனை ஜப்பானியப் பெயர்கள்? நோய்க்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளும் ஆசையா?

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நைட் டூட்டியில் கண்ணில் படுகிற, எனக்குப் புரியாத விஷயங்கள். போன வாரம் ஒரு குழந்தையை ரிவ்யூவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு நாள் காய்ச்சலோடு எங்களிடம் இருந்து, வைரல் ஃபீவர் என்று எழுதி நாங்கள் அனுப்பிய குழந்தை. இப்போது காய்ச்சல் இல்லை, ஆனால் விரல் நுனியில் நகத்தை ஒட்டித் தோல் உரிந்திருந்தது. அதை எழுதிவைத்தேன். இதெல்லாம் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

(குழந்தையைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஊர், வயது முதலியவற்றை எடுத்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.)

உங்கள் டாக்டர் சொன்னதில் பாதி சரி. ஒரு மருந்து கேட்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு ஆள் போதாது, அதற்கு நிறையப் பேர் வேண்டும், மருந்து கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் வேண்டும். ஆனால் அந்த ஆயிரம் பேருக்கும் இருப்பது ஒரே நோய் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டுமே. அதைச் சொல்கிறவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? பெரும்பாலும் உங்களைப் போல ஒரு வார்டில்தான், அதுவும் எல்லா விதமான காய்ச்சலும் வந்து விழுகிற ஒரு பொது மருத்துவமனையில்.

நீங்கள் சொன்ன பெயர்களில் கவாசாகியையே எடுத்துக்கொள்கிறேன், குழந்தைகள் வார்டு என்பதால். 1961 ஜனவரி, டோக்கியோவின் ஹிரோ பகுதியில் இருக்கும் செஞ்சிலுவைச் சங்க மத்திய மருத்துவமனை. குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகிக்கு அப்போது 35 வயது. நான்கு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். நாள்கணக்கில் இறங்காத காய்ச்சல். இரண்டு கண்ணும் சிவப்பு, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்துச் சிவந்திருக்கிறது, நாக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழம் மாதிரி. உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, உள்ளங்கையும் பாதமும் வீங்கிச் சிவந்திருக்கின்றன. புத்தகத்தைப் பார்த்தால் ஸ்கார்லெட் காய்ச்சல் (தொண்டைப் புண்ணோடு உடம்பெல்லாம் சிவக்கிற கிருமிக் காய்ச்சல்) என்று தோன்றும், ஆனால் அது மாதிரியும் இல்லை. பையன் தானாகவே தேறுகிறான், தேறும்போது விரல் நுனியில் தோல் உரிகிறது. வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன நோய் என்ற இடத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வருகிறது. ஏதாவது ஒரு பெயரை எழுதி முடித்திருக்கலாம். அதற்குத்தானே நம்மிடம் ‘வைரல் ஃபீவர்’ இருக்கிறது (கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கே வருஷத்துக்கு இரண்டு முறை அதை எழுதித் தருகிறார்கள்). அவர் தெரியவில்லை என்று விட்டுவைத்தார். அடுத்த வருஷம் அதே முகத்தோடு இன்னொரு குழந்தை வந்து படுத்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும், ஏனென்றால் முதல் குழந்தை எந்தப் பெயருக்குள்ளும் போய் மறையாமல் நினைவில் அப்படியே இருந்தது. 1962-இல் ஏழு குழந்தைகளை வைத்து ஒரு மருத்துவக் கூட்டத்தில் பேசினார். இது தனி நோயா, ஏற்கெனவே தெரிந்த ஸ்டீவன்ஸ்-ஜான்சன் (தோலும் வாயும் கண்ணும் புண்ணாகிற நோய்) வகையறாவில் ஒன்றா என்ற சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. 1967-இல் 50 குழந்தைகளைப் பற்றி ஜப்பானிய மொழி ஒவ்வாமை இதழ் ஒன்றில் 44 பக்கத்துக்கு எழுதினார். ஆறு வருஷம், 50 குழந்தைகள். தலைப்பிலேயே கை, கால் விரல்களில் தோல் உரிவதைச் சேர்த்திருந்தார். கவாசாகி என்ற பெயர் அதில் எங்கும் இல்லை, மற்றவர்கள் பிறகு வைத்தது அது. ஆங்கிலத்தில் அவர் எழுதியது 1974-இல்தான்.

ஆவாரம்பூவுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியாரிடம் போய், எதிர்வீட்டுக்காரருக்கு முதலில் சர்க்கரை எவ்வளவு இருந்தது, ஆவாரம்பூ குடித்த நாட்களில் மாத்திரையை நிறுத்தினாரா, சாப்பாட்டைக் குறைத்தாரா, மறுபடி எப்போது டெஸ்ட் எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள். மாமியார் கோபப்படுவார். கவாசாகியிடம் கேட்டால் பதில் இருக்கும். காய்ச்சல் எத்தனை நாள், எந்த நாளில் கண் சிவந்தது, எந்த நாளில் தோல் உரிந்தது. இருந்ததை மட்டும் இல்லாமல் இல்லாததையும் அவர் எழுதினார். கண் சிவப்பு, பீளை இல்லை. தடிப்பு, கொப்புளம் இல்லை. மாமியார் கதையில் ‘இல்லை’ என்ற வார்த்தையே வராது, கவனித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், எல்லோரும் கவாசாகி கதை சொல்லும்போது வேகமாகத் தாண்டிப்போகிற இடம். அந்த 1967 கட்டுரையின் முடிவு தப்பு. இது தானாகச் சரியாகிவிடும், பின்விளைவு எதுவும் கிடையாது என்று அதில் எழுதியிருந்தார். 1965-லேயே தனாகா என்ற நோய்க்கூறியல் நிபுணர், இந்த நோய் வந்துபோன ஒரு குழந்தை திடீரென்று இறந்தபோது உடலை அறுத்துப் பார்த்து இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பைக் கண்டிருந்தார். 1968-இல் அதே டோக்கியோவில் செயின்ட் லூக் மருத்துவமனையின் யமமோட்டோ, தன்னிடம் வந்த 23 குழந்தைகளின் இசிஜியைப் பார்த்து 11 பேருக்குக் கோளாறு இருப்பதாக எழுதினார். 1970-இல் அரசாங்கப் பணத்தில் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு. காய்ச்சல் விட்டுத் தேறிவந்த குழந்தைகள் திடீரென்று இதயம் நின்று இறந்ததில் பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவை மட்டும் பத்து. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பலூன் மாதிரிப் புடைத்து, அதற்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது.

கண்டுபிடித்தவரே ஆபத்தில்லை என்றார், ஆபத்து இருந்தது. ஆனால் தனாகாவும் யமமோட்டோவும் அவரைத் திருத்த முடிந்தது எதனால்? அவர் நோயாளியை அவ்வளவு துல்லியமாக வரைந்து வைத்திருந்ததால், இது அவர் சொன்ன அதே நோய்தான் என்று மற்றவர்களால் அடையாளம் காண முடிந்தது, பிறகு அவர் பார்க்காததையும் பார்க்க முடிந்தது. மங்கலாக எழுதியிருந்தால், அது வேறு நோய், நம்முடையது இல்லை என்று இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள். இதை நீங்கள் டாக்டரிடம் சொல்லலாம். கதை என்றால் அதை யாராலும் தப்பு என்று நிரூபிக்க முடியாது, ஒரு நல்ல கேஸ் ரிப்போர்ட்டை முடியும்.

உங்கள் டாக்டர் கேட்ட ஆயிரமும் வந்தது, இந்தப் பாதையில்தான். 1970-இல் தொடங்கிய கணக்கெடுப்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தொடர்ந்தது. 100 படுக்கைக்கு மேல் இருந்து குழந்தைகள் பிரிவும் உள்ள மருத்துவமனைகளுக்கெல்லாம் படிவம் போகும். கோவிட்டுக்கு முந்தைய வருஷங்களில் ஜப்பானில் மட்டும் வருஷத்துக்கு 15,000-க்கு மேல் குழந்தைகள். 1984-இல் ஃபுருஷோ குழுவினர் இம்யூனோகுளோபுலினை (தானம் வந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நோய் எதிர்ப்புப் புரதம்) நரம்பில் ஏற்றிப் பார்த்து எழுதினார்கள். 1991-இல் அமெரிக்காவில் ஒரே டோஸாக, கிலோவுக்கு 2 கிராம் கொடுத்தால் போதும் என்று ஒப்பிட்டு நிரூபித்தார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு வரும் குழாய்ப் புடைப்பு, காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் இதைக் கொடுத்தால் நூற்றில் ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. எதனால் வருகிறது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

2020 வசந்தத்தில் இத்தாலியின் பெர்கமோவில், ஊரே கோவிட்டில் மூழ்கியிருந்தபோது, ஒரு மருத்துவமனைக்கு இரண்டு மாதத்தில் பத்துக் குழந்தைகள் இதே மாதிரியான குறிகளோடு வந்தார்கள். வழக்கத்தைவிட 30 மடங்கு. ஆனால் வயது கொஞ்சம் கூட, இதயத்தைத் தாக்கியதும் அதிகம். ‘கவாசாகி மாதிரி’ என்று எழுதினார்கள். அந்த ‘மாதிரி’யிலிருந்துதான் கோவிட்டுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் தனி நோய் ஒன்று இருப்பது தெளிவானது. டோமிசாகு கவாசாகி அந்த ஜூன் மாதம் 95 வயதில் இறந்தார்.

பெயர் ஆசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் நான்கு பெண்களின் தைராய்டைப் பற்றி ஒரு ஜெர்மன் இதழில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சொந்த ஊரான இகாவுக்குத் திரும்பி ஊர் டாக்டராக இருந்து, 1934-இல் டைஃபாய்டில் இறந்துபோனார், 52 வயது. இன்று நம் ஊரில் தைராய்டு மாத்திரை போடும் எத்தனையோ பேரின் ரிப்போர்ட்டில் அவர் பெயர் இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. டகாயாசு கண் டாக்டர். 1908-இல் கண் மருத்துவர்கள் கூட்டத்தில், ஒரு இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலை மாதிரி வளைந்து கிடப்பதைச் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது. கூட்டத்தில் இருந்த ஓனிஷி, ககோஷிமா என்ற இரண்டு பேர் எழுந்து, எங்களிடமும் இப்படி ஒருத்தர் வந்தார், அவருக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றார்கள். பெரிய ரத்தக்குழாய்கள் அழற்சியால் குறுகுகிற நோய் அது; கண்ணில் தெரிந்ததும் கையில் தெரியாததும் ஒன்றாகச் சேர்ந்தது அந்தக் கூட்டத்தில்தான். ஒரு கேஸைச் சபையில் சொல்வதன் பயன் இதுதான் என்று நினைக்கிறேன், அடுத்த நாற்காலியில் இருப்பவர் மறந்துபோன ஒன்று அவருக்கு நினைவு வந்துவிடும்.

ஹிரோஷிமா நகர மருத்துவமனைக்காரர்கள் ஆள் பெயரே வைக்கவில்லை, பானையின் பெயரை வைத்தார்கள். 1983-இல் ஒரு அம்மாள் நெஞ்சுவலியோடு வருகிறார், இசிஜி ஹார்ட் அட்டாக் மாதிரி, ஆனால் ஆஞ்சியோ செய்தால் குழாயில் அடைப்பு இல்லை. இதயத்தின் கீழ்ப்பாதி மட்டும் சுருங்காமல் உப்பி நிற்கிறது, கழுத்து குறுகி அடி உருண்டு. கடலோர ஊர்க்காரர்களுக்கு அந்தப் படம் சட்டென்று புரிந்தது, ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் கயிறு கட்டி இறக்குகிற மண் பானை. இரைகூட வைக்க வேண்டாம், இருட்டுப் பொந்து என்று ஆக்டோபஸ் தானே வந்து புகுந்துகொள்ளும். அதன் பெயர் டகோட்சுபோ. 1990-இல் சாட்டோ குழுவினர் அந்தப் பெயரிலேயே எழுதினார்கள். பெரிய அதிர்ச்சி, துக்கம் இவற்றுக்குப் பிறகு, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. 2004 அக்டோபரில் நீகாட்டாவில் பூகம்பம் வந்த பிறகு அங்கே இந்த நோயாளிகள் கூடினார்கள்.

கேஸ் ரிப்போர்ட் எல்லாமே இப்படித் தங்கம் என்று சொல்லவில்லை. பதவி உயர்வுக்காக, காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழ்களில் வருகிற குப்பை நிறைய. அதைப் பற்றி உங்கள் டாக்டர் திட்டினால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். ஆனால் ஜப்பானில் வேலையில் சேர்ந்த இளம் டாக்டர்களை வட்டாரக் கூட்டத்தில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வைப்பது வழக்கம். பல மருத்துவமனைகள் சொந்தமாக ஒரு இதழும் நடத்துகின்றன. பெரும்பாலானவை யாரும் திரும்பிப் பார்க்காமல் அலமாரியில் கிடக்கும். கிடக்கட்டுமே.

உங்கள் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நோயாளி பெயர், ஐபி நம்பர், ஊர் எதுவும் அதில் வேண்டாம், இருந்தால் அடித்துவிடுங்கள். காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள், வெறும் தேதியைவிட அது உதவும். எதிர்பார்த்து இல்லாமல் போனதையும் எழுதுங்கள். சின்னக் குழந்தை என்றால் இடது தோளில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைப் பாருங்கள். ஜப்பானில் 9 ஊசி கொண்ட முத்திரையை இரண்டு முறை அழுத்துவார்கள், 18 புள்ளி விழும். கவாசாகி நோயில் அந்த இடம் சிவந்து கிளம்புவது அவர்கள் கண்ணில் பட்டது, இப்போது அவர்களுடைய நோயறியும் குறிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைகளுக்கு பிசிஜி போடுவதில்லை, அதனால் அவர்கள் அதைப் பார்க்க வாய்ப்புக் குறைவு. நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே போட்டுவிடுகிறோம்.

அந்தக் குழந்தை விஷயம். கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக மெயில் போட்டேன், நான் டாக்டர் இல்லை, ஆனாலும் இதை இன்றைக்கே டாக்டரிடம் காட்டி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள் என்று. மறுநாள் சாயங்காலம் பதில் எழுதியிருந்தீர்கள்: டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார், பேசாமல் போனை எடுத்து அவர்களை வரச் சொன்னார், எக்கோ எடுத்தாயிற்று, இப்போதைக்குப் புடைப்பு இல்லை, சில வாரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று. அந்த இரண்டாவது எக்கோ தேதியையும் நோட்டில் குறித்து வையுங்கள். அவர்கள் வராவிட்டால் நீங்களே போன் செய்து கூப்பிடுங்கள்.