உள்ளங்கையில் பந்தயக் கார்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் நான் செய்த மாடல் கார்ச் சக்கரத்தின் படம் இந்தப் பக்கத்தில் வந்த பிறகு கேள்விகள் குவிந்துவிட்டன. பழைய பந்தயக் கார்களை அளவு பிசகாமல் செய்வது பற்றி வந்தவற்றில் சிலதை இந்த மாதம் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 34 வருஷம் டூல் ரூமில் வேலை பார்த்தவன். இப்போது வில்லிவாக்கம் வீட்டுப் பின்பக்க வராந்தாவில் ஒரு மேஜையும் ஒரு சின்ன லேத்தும் இருக்கின்றன.

ஐயா, 1955 மொனாக்கோ பந்தயத்தில் ஃபாஞ்சியோ ஓட்டிய மெர்சிடிஸ் டபிள்யூ 196-ஐ 1:24 அளவில் (நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு) மரத்தில் செதுக்குகிறேன். வரைபடத்தில் இருப்பதை அப்படியே பின்பற்றினேன். ஆனால் ஃபோட்டோ பக்கத்தில் வைத்தால் என் கார் நீளமாகத் தெரிகிறது. எங்கே தப்பு? (வாசகர், பெரம்பூர்)

உங்கள் கையில் தப்பில்லை. உங்களிடம் இருப்பது வேறொரு டபிள்யூ 196-இன் வரைபடம்.

அந்தக் கார் மூன்று வீல்பேஸ்களில் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) இருந்தது: 2350, 2210, 2150 மில்லிமீட்டர். 1954-ல் முதலில் வந்தது நீளமானது. மொனாக்கோவின் குறுகலான தெருக்களுக்காக ஃபாஞ்சியோவுக்கும் அதே அணியின் மோஸுக்கும் கொடுத்தது ஆகச் சின்னது. 1:24-ல் கணக்குப் போட்டால் முதலாவது 97.9, கடைசியது 89.6. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். உள்ளங்கை நீளக் காரில் எட்டு மில்லிமீட்டர் என்றால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். உங்கள் கண்ணும் அதைத்தான் கண்டுபிடித்தது.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற டபிள்யூ 196-களில் பெரும்பாலும் முன் பிரேக் டிரம்கள் சக்கரத்தில் இல்லை, பாடிக்குள் இருந்தன. மொனாக்கோவின் குட்டைக் காரில் அவற்றைச் சக்கரத்துக்கே கொண்டுவந்தார்கள். அதனால் உங்கள் மாடலின் முன் சக்கரக் கம்பிகளுக்குப் பின்னால் டிரம் தெரிய வேண்டும்.

நானும் இதே காரில் மூன்று மாதத்தைத் தொலைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய வரைபடத்தில் எந்தப் பந்தயத்துக் கார் என்று ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: கட்டையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எந்தக் கார், எந்தப் பந்தயம், எந்த நாள் என்று எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுவேன். 1954 ஒரே வருஷத்தில் பாருங்கள்: ஜூலையில் ரீம்ஸில் இந்தக் கார் சக்கரங்களை மூடிய பாடியோடு வந்து ஜெயித்தது. அதே மாதம் சில்வர்ஸ்டோனில் ஃபாஞ்சியோ தன் முன் சக்கரம் எங்கே என்று தெரியாமல் பாதை ஓரத்தில் வைத்திருந்த பீப்பாய்களில் இடித்துக்கொண்டார். ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்குக்குத் திறந்த சக்கரங்களோடு வந்துவிட்டது. மாசத்துக்கு ஒரு உருவம். ‘டபிள்யூ 196 செய்கிறேன்’ என்று சொன்னால் போதாது என்பது இதனால்தான்.

ஹாஸ்டலில் இருக்கிறேன். 1:43, 1:24, 1:20, 1:12 என்று பல அளவுகள் சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்? (கல்லூரி மாணவி, தாம்பரம்)

1:24-ல் தொடங்கும்மா. 1:43 என்பது பொம்மை ரயிலில் இருந்து வந்த அளவு. ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று பிரிட்டனில் வைத்திருந்தார்கள், அதைக் கணக்குப் போட்டால் 43.5 வரும். அழகான அளவுதான், ஆனால் முதல் மாடலுக்குப் பொடி. 1:12 என்றால் உன் மேஜையில் புத்தகம் வைக்க இடம் இருக்காது. ஜப்பானிய மாடல் கம்பெனி தமியா 1967-ல் ஹோண்டா ஆர்ஏ273 காரை அந்த அளவில் கொண்டுவந்தது. இன்ஜின் குழாய் வரை செய்ய வேண்டும்.

முதல் காருக்கு புகாட்டி டைப் 35-ஐ எடுத்துக்கொள். வீல்பேஸ் 2400 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் சரியாக 100. ஸ்கேலை வைத்தே சரிபார்த்துவிடலாம். அதன் சக்கரமும் அலுமினியத்தில் வார்த்தது, எட்டுப் பட்டை ஆரம் மட்டும்தான். கம்பி கட்டும் வேலை மிச்சம்.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்டில் வரும் கம்பிச் சக்கரம் தடிமனாக, பார்க்கவே சகிக்கவில்லை. நீங்கள் கம்பிச் சக்கரம் கட்டும் முறையைச் சொல்ல முடியுமா? (வாசகர், கொளத்தூர்)

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல ஆசை. பழைய பந்தயக் காருக்குச் சக்கரம்தான் முகம்.

நிஜக் காரின் ஆரக்கம்பி கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் தடிமன். 1:24-ல் அது 0.17. கிட்டின் பிளாஸ்டிக் கம்பி அரை மில்லிமீட்டர் இருக்கும். அதை 24-ஆல் பெருக்கினால் 12 மில்லிமீட்டர். அது ஜன்னல் கம்பி. சகிக்கவில்லை என்று நீங்கள் சொன்னது ரொம்பச் சரி.

மோட்டார் காயில் கட்டும் செம்புக் கம்பியைக் கேஜ் எண் சொல்லி வாங்கலாம். 37-ஆம் நம்பர் 0.17 மில்லிமீட்டர், 36 சற்றுத் தடிமன், 38 மெலிசு. ரிச்சி தெருப் பக்கம் விசாரியுங்கள். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறு முனையைக் குறட்டால் மெதுவாக இழுங்கள். கை லேசாக வழுக்குவது போல ஓர் உணர்வு வரும், அங்கே நிறுத்திவிட வேண்டும். கம்பி நூல் பிடித்த மாதிரி நேராகி, கொஞ்சம் விறைத்தும் இருக்கும். மேலே இருக்கும் எனாமலைச் சுரண்டிவிட்டு வெள்ளிப் பூச்சு கொடுக்கலாம்.

நான் வெள்ளிக் கம்பிக்கு மாறியது சவுகார்பேட்டையில் ஒரு பத்தரைப் பார்த்த பிறகு. அவரிடம் அவர் தாத்தா காலத்துக் கம்பியச்சு இருந்தது. எஃகுத் தகட்டில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு இம்மி சின்னது. கம்பி முனையை அரத்தால் கூராக்கி, தேன்மெழுகு தடவி, துளைக்குள் விட்டு மறுபக்கம் பிடித்து இழுத்தார். மூன்று நாலு துளை தாண்டினால் கம்பி முறுக்கேறிவிடும். சுடர் காட்டிப் பதமாக்கி மறுபடி இழுப்பார். கடைசி மூன்று துளைக்கு மட்டும் சூடு காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “அப்ப முறுக்காவே நிக்கும் சார், பாத்து வளைங்க” என்றார். எனக்கு வேண்டியதும் அந்த முறுக்குதான். சக்கரத்தில் கட்டிய பிறகு தொய்யக் கூடாது. வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன், எங்கே பிடித்தாலும் ஒரே அளவு. வெர்னியர் இல்லாமல், விரல் நுனியில் உருட்டியே அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

இனி கட்டும் முறை. மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் நடுவில் இருக்கும் குடத்திலிருந்து (ஹப்) நேராக வெளி வட்டைக்கு (ரிம்) போகும். அங்கே குடத்துக்குப் பாரம் தாங்குவது மட்டும்தான் வேலை, அதனால் சரி. பந்தயக் காரில் குடம்தான் சக்கரத்தைத் திருப்புகிறது, பிரேக் போட்டால் குடம்தான் நிறுத்துகிறது. நேர்க் கம்பியாக இருந்தால் அந்தத் திருகலில் சாய்ந்துவிடும். ஆகவே கம்பிகள் குடத்தின் விளிம்பை உரசினாற்போலக் கிளம்பி, ஒன்று முன்னால் சாய்ந்தும் அடுத்தது பின்னால் சாய்ந்தும் போகும். உங்கள் சைக்கிளின் பின் சக்கரத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். கிட் சக்கரங்கள் பலவற்றில் இந்தச் சாய்வே இருக்காது, எல்லாம் சூரியன் படம் மாதிரி நேராக இருக்கும். தடிமனைவிட எனக்கு அதுதான் பெரிய குறை.

பித்தளைக் குழாயில் வட்டையையும் குடத்தையும் லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். ஃபோட்டோவைப் பெரிதாக்கிக் கம்பிகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் வட்டம் பிரித்து ஒரு தாளில் வரைந்து, பித்தளைத் தகட்டில் ஒட்டி, நடுவில் ஓர் ஊசி அடித்துக் குடத்தை உட்கார வையுங்கள். கம்பிகளின் உள் அடுக்கை முதலில் முடித்து, திருப்பிப் போட்டு வெளி அடுக்கு. ஒரு சக்கரத்துக்கு எனக்கு ஆறு மாலை ஆகிறது. நம்மூர்க் காற்றில் வெள்ளி சில மாதத்தில் மங்கும். அதைத் துடைக்காதீர்கள், ஓடிய சக்கரத்தின் நிறம் அது. அந்தப் பதத்தில் மெல்லிய வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் அப்படியே நிற்கும்.

1924 லியோன் கிராண்ட் ப்ரீ படங்களில் ஆல்ஃபா ரோமியோ பி2 ஏறக்குறைய கறுப்பாகவும், புகாட்டி வெளிறியும் இருக்கின்றன. உண்மையில் என்ன நிறம்? (வாசகர், மயிலாப்பூர்)

உங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் பழைய படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டு போல இருக்கும். அந்தக் காலத்து ஃபிலிமும் கண்ணாடித் தகடும் பெரும்பாலும் சிவப்பை உணராது, நீலத்தை அதிகமாக உணரும். அதனால் சிவப்பு கறுக்கும், நீலம் வெளுக்கும். இத்தாலியக் கார்களுக்குச் சிவப்பு, பிரெஞ்சுக் கார்களுக்கு நீலம் என்பது அன்றைய வழக்கம். ஆக, கறுப்பாகத் தெரிவது சிவப்பு ஆல்ஃபா, வெளிறித் தெரிவது நீலப் புகாட்டி. அந்தப் பந்தயத்தில்தான் டைப் 35 முதன்முதலாக ஓடியது. ஜெயித்தது கம்பாரி ஓட்டிய பி2.

பி2-க்குக் கருஞ்சிவப்பாகப் போங்கள், இன்றைய பளீர் சிவப்பு வேண்டாம். சின்ன மாடலில் எந்த நிறமும் நிஜத்தைவிடக் கறுத்துத் தெரியும். ஒரு சொட்டு ஆரஞ்சு கலந்து கொஞ்சம் தூக்கிக்கொடுங்கள். வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும். அப்புறம், முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போடாதீர்கள். 1924-ல் அப்படி ஒரு பளபளப்புப் பந்தயக் காரில் இல்லை. கண்காட்சிகளில் தேன் ஊற்றின மாதிரி மின்னும் புகாட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

லாக்கர் பெயின்ட் அடித்ததும் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. (வாசகர், திருவான்மியூர்)

கடல் பக்கத்தில் இருக்கிறீர்கள், ஈரம்தான் காரணம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் லாக்கரைத் தொடாதீர்கள். மற்ற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, மதியத்தில், மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள். மெதுவாக உலர வைக்கும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் சேர்த்தால் நல்லது. ஏற்கனவே பூத்ததன் மேல் அதே ரிட்டார்டரை மெல்லிசாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

என் அப்பா சோழவரத்தில் ஃபியட் 1100 ஓட்டினார். பக்கவாட்டில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது, நகல் இணைத்துள்ளேன். அப்பா இப்போது இல்லை. அந்தக் காரைச் செய்ய முடியுமா? (வாசகர், திருவொற்றியூர்)

கண்டிப்பாக முடியும். இந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

சோழவரம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கேதான் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது பின்னால். எனக்குப் பன்னிரண்டு வயதில் மாமா கூட்டிப்போனார். சத்தத்தைவிட அந்த விளக்கெண்ணெய் வாடைதான் இன்னும் மூக்கில் இருக்கிறது. பந்தய இன்ஜின்களுக்கு அப்போது விளக்கெண்ணெயில் செய்த ஆயில் ஊற்றுவார்கள்.

சரி, உங்கள் படம். அந்த ஃபியட்டின் வீல்பேஸ் 2340 மில்லிமீட்டர். நகலில் இரண்டு சக்கர மையத்துக்கும் நடுவே அளந்தேன், 52 மில்லிமீட்டர். அப்படியென்றால் படத்தின் 1 மில்லிமீட்டர் நிஜத்தில் 45. கதவில் 27 என்று எழுதிய வெள்ளை வட்டம் படத்தில் 9, நிஜத்தில் 405, 1:24 மாடலில் 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இப்படியே எல்லாவற்றையும் அளந்துவிடலாம். கேமரா நேர் பக்கவாட்டில் இருப்பதால்தான் இந்தக் கணக்கு செல்லும். கூரை மட்டும் உள்ளே தள்ளி இருப்பதால் சற்றுச் சின்னதாகக் காட்டும், அதை நம்பாதீர்கள்.

பம்பரைக் கழற்றியிருக்கிறார், ஹெட்லைட்டில் குறுக்கே டேப் ஒட்டியிருக்கிறார், முன் சக்கர மூடி இருக்கிறது, பின் சக்கரத்தில் இல்லை. இவை எல்லாம் மாடலில் வர வேண்டும். முன் கதவின் கீல் எந்தப் பக்கம் என்று அசல் படத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய 1100-களில் அது கதவின் பின் ஓரத்தில் இருக்கும். எந்த மாடல் என்று அதை வைத்து நெருங்கலாம்.

நிறம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், கேளுங்கள். படத்தைச் சட்டத்திலிருந்து பதமாக எடுத்துப் பின்பக்கத்தையும் ஒரு நகல் அனுப்புங்கள். ஸ்டுடியோ முத்திரையோ பென்சிலில் ஒரு தேதியோ இருக்கலாம்.