பாலக்காட்டில் எத்தனை பேர், யார் யார்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பாலக்காட்டில் தமிழ் மீடியம் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1991இலும் 2001இலும் வீடு வீடாகப் போய் சென்சஸ் எடுத்தேன். 2011இல் மேற்பார்வையாளர். போன வாரம் நம் ஊர் மக்கள்தொகை பற்றிப் பேச்சு வந்தபோது, கேள்விகளை அனுப்புங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். புள்ளிவிவரம் எல்லாம் 2011 கணக்கு. அதற்கப்புறம் எண்ணவே இல்லை.

கல்மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: சார், பாலக்காட்டு ஜனத்தொகை ஒரு இடத்துல 1.31 லட்சம்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 2.93 லட்சம்னு போட்டிருக்கு. எது சரி?

ரெண்டும் சரிதான் தம்பி. முதலாவது முனிசிபாலிட்டி எல்லைக்குள் இருப்பவர்கள். 1866இல் உண்டான முனிசிபாலிட்டி அது. இரண்டாவது, அதோடு ஒட்டி வளர்ந்த பிராயிரி, மருதரோடு, புதுப்பரியாரம், வாளையார் ரோட்டில் இருக்கிற நம்ம புதுச்சேரி எல்லாம் சேர்ந்தது. அவை பஞ்சாயத்துகள்தான். ஆனாலும் ஒரு ஊரில் ஐயாயிரம் பேருக்குக் குறையாமல் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசித்து, ஆண் தொழிலாளர்களில் முக்கால் பங்குப் பேர் விவசாயம் அல்லாத வேலை பார்த்தால், சென்சஸ் அதை நகரம் என்றே எண்ணும்.

இந்த இரண்டு எண்ணும் எதற்கு முக்கியம் என்றால், 2001க்கும் 2011க்கும் இடையில் முனிசிபாலிட்டி ஜனத்தொகை ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு 'பாலக்காடு வளரவில்லை' என்று எழுதுகிறார்கள். வளர்ச்சி வார்டு எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கல்மண்டபத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் மருதரோட்டில் மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டினவர்கள் உன் தெருவிலேயே இருப்பார்கள், கேட்டுப் பார்.

கல்பாத்தியிலிருந்து ஒரு அம்மா: எங்க தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடக்கு. இதெல்லாம் கணக்குல வருமா?

வீடு கணக்கில் வரும், ஆள் வரமாட்டார் அம்மா. வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது பூட்டின வீட்டையும் எண் போட்டு எழுதுவோம். ஆட்களை எண்ணுவது பிப்ரவரியில். ஐப்பசிக் கடைசியில் தேர் ஓடும்போது வந்து எண்ணியிருந்தால் கல்பாத்தி வேறு ஊராகத் தெரிந்திருக்கும். சென்னை, மும்பை, டெல்லி என்று போன குடும்பங்கள் அந்த மூன்று நாள் வந்து திண்ணை நிறைய உட்கார்ந்திருக்கும். பிப்ரவரியில் நான் போனபோது ஒரு வரிசையில் நாலு கதவு பூட்டு, ஐந்தாவது வீட்டில் ஒரு பாட்டி தனியாக. பெயர், வயது எல்லாம் சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்கோ" என்றார். உட்கார்ந்தேன். அன்றைக்கு என் பிளாக்கில், அதாவது எனக்குக் கொடுத்திருந்த வீடுகளில், பாதிதான் முடிந்தது.

கேரளாவில் அறுபது வயதைத் தாண்டினவர்கள் 2011இலேயே 12.6 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 8.6. மாநிலங்களில் நாம்தான் முதலிடம். கல்பாத்தி மாதிரி அக்ரஹாரங்களில் இது இன்னும் கூடுதலாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்று பேர் கேட்டது: பொண்ணுங்க எண்ணிக்கை ஆண்களை விட அதிகம்னு பெருமையா சொல்றாங்களே, அது எப்படி? துபாயில இருக்கிற எங்க அண்ணனை எண்ணுவாங்களா?

இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. எண்ணும் காலம் முழுக்க ஊரில் இல்லாதவரை எண்ணமாட்டோம். 2011இல் அது பிப்ரவரி 9 முதல் 28 வரை. துபாயில் இருக்கும் அண்ணன் வரமாட்டார். கோயம்புத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தம்பியை அங்கேதான் எண்ணுவார்கள். தினமும் ரயிலில் போய்வருகிறவர் நம் கணக்கு.

பாலக்காடு மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1067 பெண், கேரளாவில் 1084. ஆண்கள் பிழைக்க வெளியே போவதும், பெண்கள் கூடுதல் காலம் உயிரோடு இருப்பதும்தான் பெரிய காரணம். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மட்டும் எடுத்தால் கேரளாவில் ஆயிரம் ஆணுக்கு 964 பெண்தான். இயற்கையிலேயே ஆண் பிறப்பு சற்று கூடுதல் என்பதால் அதில் பதற ஒன்றுமில்லை. ஆனால் 1084ஐக் காட்டி 'இங்கே பெண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லக் கூடாது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சித்தூரிலிருந்து ஒரு தங்கை: படிப்பில முதல் மாநிலம், ஆனா வேலைக்குப் போற பெண்கள் ரொம்பக் கம்மின்னு வருது. எங்க ஊர்ல வேலை செய்யாத பொம்பளையே இல்லையே மாஷே?

இந்தக் கேள்விக்காக உனக்கு நன்றிம்மா. கேரளாவில் பெண்களில் 18.2 சதவீதம் பேர்தான் தொழிலாளர் என்று 2011 கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டில் 31.8. எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டினால் இத்தனை வித்தியாசம்.

கொஞ்சம் உண்மை இருக்கிறது. இங்கே படித்த பெண்கள் தகுந்த வேலை கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள். நெல் வயல் சுருங்கியதில் நடவு, களை, அறுப்பு என்று பெண்களுக்கு இருந்த கூலி நாட்கள் போய்விட்டன. ஆனால் எழுதும் இடத்திலேயே தொலைந்து போவதும் உண்டு. அதை நான் நேரில் பார்த்தேன்.

சித்தூர்ப் பக்கம் ஒரு வீடு. வாசலில் அண்ணன் ஒருவர் பதில் சொல்கிறார். "வீட்டுக்காரி?" என்றேன். "சும்மாதான் இருக்கா." எனக்குப் பின்னால் அந்த அம்மா தலையில் புல்லுக்கட்டோடு வந்து நின்றார். ரெண்டு மாடு. காலையில் நாலு மணிக்குக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறார், பாஸ்புக் அவர் பேரில். "பால் காசு யாருக்குங்க வருது?" என்று கேட்டேன். "அதுவா, அது அவ பாத்துக்குவா." அதுதான் வேலை என்று சொல்லி எழுதினேன். விற்பதற்காகப் பால் கறப்பது, குடும்ப வயலில் கூலி இல்லாமல் உழைப்பது, வீட்டில் அப்பளம், வற்றல் போட்டுக் கடைக்குக் கொடுப்பது எல்லாமே சென்சஸ் கணக்கில் வேலைதான். வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் கீழே என்றால் குறுவினைத் தொழிலாளர். மாலை ஆறு மணிக்கு முப்பதாவது வீட்டில் நிற்கும் கணக்கெடுப்பாளர் 'சும்மா' என்பதை அப்படியே எழுதிவிட்டுப் போனால், அந்த அம்மா பத்து வருஷத்துக்கு வேலையில்லாதவர். உன் தெருப் பெண்களிடம் சொல்லு, பதிலை அவர்களே சொல்லட்டும்.

புதுப்பள்ளித் தெருவிலிருந்து ஒருவர்: நாங்க ராவுத்தர் குடும்பம். வீட்ல தமிழ்தான். போன தடவை எங்க மாமா பயந்துக்கிட்டு 'மலையாளம்'னு சொல்லிட்டார். அது தப்பா பாய்?

தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் இழப்பு. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் கேள்வி பதிலுக்கே ஒப்புக்கொண்டேன்.

தாய்மொழி என்றால் என்ன என்று கணக்கெடுப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள்: சின்ன வயதில் உங்கள் அம்மா உங்களிடம் பேசின மொழி. அம்மா கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டால், அந்த வீட்டில் பேசின மொழி. எந்த எழுத்துப் படித்தீர்கள், எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள், எந்த மதம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதோடு நிற்காமல், வேறு தெரிந்த மொழிகள் இரண்டு எழுதவும் இடம் உண்டு. மலையாளம் அங்கே வரும். ஒன்றைச் சொல்வதால் மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் மாமாவின் பயத்தை நான் பல வீட்டில் கேட்டிருக்கிறேன். "தமிழ்னு எழுதினா ரேஷன் கார்டுல ஏதாவது வருமா", "வெளியூர்க்காரன்னு ஆயிடுமா." ஒன்றும் ஆகாது. 1948ஆம் வருஷச் சென்சஸ் சட்டப்படி தனி ஆளின் விவரத்தை வேறு யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. வெளியூர் என்ற பேச்சே தவறு. 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூரும் பாலக்காடும் ஒரே சென்னை மாநிலம். சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. கோடு பிற்பாடு போட்டது, குடும்பங்கள் அதற்கு முன்னாலேயே இங்கே இருந்தவை. அக்ரஹாரத்து ஐயர், ராவுத்தர், முதலியார், கொழிஞ்சாம்பாறைக் கவுண்டர், கோவிந்தாபுரத்துச் சக்கிலியர் எல்லாரும் இந்த மண்ணின் தமிழர்கள்.

கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011இல் 5 லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள், ஒன்றரை சதவீதம். அதற்கு முந்தைய கணக்கில் ஏறக்குறைய 6 லட்சம். இடுக்கித் தோட்டங்களிலிருந்து திரும்பிப் போனவர்கள் உண்டு, அது மெய். ஆனால் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே மலையாளம் என்று எழுதவிட்டவர்களும் அந்தக் குறைவில் இருக்கிறார்கள் என்பது வாசல் வாசலாக நின்ற என் எண்ணம்.

அவரே மறுபடியும்: எண்ணிக்கை குறைஞ்சா என்ன ஆகும்?

ஒரு வட்டாரத்தில் சிறுபான்மை மொழிக்காரர் 15 சதவீதம் இருந்தால் முக்கியமான அறிவிப்புகளையும் விதிகளையும் அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது மாநிலங்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. மாவட்டத்தை மொத்தமாக எடுத்தால் நாம் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறோம். அதனால்தான் தாலுகா, பஞ்சாயத்து என்று சின்ன அளவில் எண்ணிக்கை சரியாக வர வேண்டும். தமிழர் அதிகம் இருக்கும் எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை நிலைமை வேறு, நகரத்து நிலைமை வேறு. 1969ஆம் வருஷக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் தமிழிலேயே வரும் என்கிறது. தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் வேலைக்குக் கேரள அரசுத் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தனியாக ஆள் எடுக்கிறது. வகுப்பில் பத்துப் பிள்ளை, அல்லது பள்ளியில் நாற்பது பிள்ளை இருந்தால் ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற பழைய நெறியும் இருக்கிறது. என் கடைசி வருஷத்தில் மூன்றாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். அந்த இரண்டு பிள்ளைகளைத் தேடி நான் எத்தனை வீடு ஏறியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒலவக்கோட்டிலிருந்து: என் மனைவி மலையாளி, நான் தமிழ். குழந்தைக்கு என்ன எழுதணும்?

அம்மா மொழி. மலையாளம்தான். விதி எல்லாருக்கும் ஒன்றே. உங்கள் பெயருக்கு நேரே தமிழ் என்று சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். குழந்தை பேசத் தெரிந்து தமிழும் பேசினால், தெரிந்த மொழியில் சேர்க்கலாம்.

ஒரு கல்லூரி மாணவி: படிப்பறிவில பாலக்காடு கடைசி மாவட்டம்னு சொல்றாங்களே, ஏன்?

89.3 சதவீதம், கேரளா 94. பதினான்கில் கடைசி வயநாடு, அதற்கு ஒரு படி மேலே நாம். நெல் விளையும் மாவட்டம், நிலம் சில கைகளில், உழைப்பு பல கைகளில் என்று நெடுங்காலம் இருந்தது. கேரளாவிலேயே பட்டியல் சாதியினர் பங்கு இங்கேதான் அதிகம், 14 சதவீதத்துக்கு மேல், மாநிலத்துக்கு 9. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என்று பழங்குடிகள். பள்ளி இவர்கள் வாசலுக்குத் தாமதமாகத்தான் போனது. நகரத்தில் வசிப்பவர் மாவட்டத்தில் நாலில் ஒரு பங்குதான், கேரளாவுக்கு ஏறக்குறைய பாதி. சராசரியைப் பார்க்காதே, வயது வாரியாகப் பிரித்துப் பார். எழுத்தறியாமை பெரும்பாலும் பழைய கூலிக்குடும்பத்துப் பெரியவர்களிடம் இருக்கிறது.

கஞ்சிக்கோட்டிலிருந்து: பீகார், ஒடிசா, வங்காளப் பையன்களை எண்ணுவாங்களா?

எண்ண வேண்டும், ரூமில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரையும். வீடே இல்லாதவர்களை எண்ண ஒரு ராத்திரி தனியாக உண்டு. 2011 பிப்ரவரி 28 ராத்திரி டார்ச்சோடு ஒலவக்கோடு ஸ்டேஷன் வாசலில் என் ஆட்களோடு நின்றேன். ஒரு பெரியவர் போர்வையை விலக்கி, ஊர் எது என்று கேட்டதற்குத் தமிழில், "எழுதினா என்ன தருவீங்க" என்றார். ஒன்றும் தரமாட்டோம் ஐயா, நீங்கள் இருக்கிறீர்கள் என்று எழுதிக்கொள்வோம் என்றேன். யோசித்துவிட்டுப் பெயரைச் சொன்னார்.

கடைசியாகப் பலர் கேட்டது: அடுத்தது எப்ப? நாங்க என்ன செய்யணும்?

2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இந்த முறை சாதியும் கேட்பார்கள், வருகிறவர் காகிதத்தில் இல்லாமல் போனில் பதிவு செய்வார். முதலில் வரும் வீட்டுப் பட்டியலில் கூரை, தண்ணீர், கக்கூஸ் என்று கேட்பார்கள். மொழிக் கேள்வி இரண்டாவது தடவை வரும்போதுதான். அப்போது வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் இருங்கள். எழுதி முடித்ததும், "தாய்மொழியில என்ன போட்டீங்க, வேலையில என்ன போட்டீங்க, ஒருக்கா வாசிங்க" என்று கேளுங்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்களுக்கு நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன், இரண்டு தடவை திருத்தியும் எழுதியிருக்கிறேன்.