தாத்தாவின் நாற்காலியும் இரண்டு பூனைகளும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அப்பா தவறிய பிறகு கல்லிடைக்குறிச்சி வீட்டை விற்றோம். சாமான்களைப் பங்கு வைத்தபோது தாத்தாவின் சாய்வு நாற்காலி எனக்கு வந்தது. தேக்கு மரம், பிரம்புப் பின்னல், கைச்சட்டத்துக்கு அடியில் கால் நீட்டிக்கொள்ள மடக்குப் பலகை. அண்ணனுக்கு அதன்மேல் ரொம்ப ஆசை. அம்மா சொன்னதால் விட்டுக்கொடுத்தான். நாங்கள் பாளையங்கோட்டையில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். போன ஐப்பசி மழையில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளை என் மகள் தூக்கிவந்தாள். ஒன்று கடுவன், ஒன்று பெட்டை. இப்போது நாற்காலியின் முன்கால் முழுக்கக் கீறல், பிரம்பும் ஓரத்தில் பிய்ந்து நிற்கிறது. அந்துருண்டையைத் துணியில் முடிந்து கட்டிப் பார்த்தேன், பயனில்லை. நகத்தை எடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சாக்கில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடச் சொல்கிறாள் அம்மா. அப்பா திதிக்கு அண்ணன் வருகிறான். நாற்காலியை அவனிடமே கொடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. படம் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்), பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த அந்துருண்டையை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. பூனை தன் காலை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும், அதனால் காலில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். அந்துருண்டை, கற்பூரம் இரண்டுமே அதற்கு விஷம். தரை துடைக்கிற ஃபினாயிலும் அப்படித்தான். அந்த மாதிரி ரசாயனத்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

நகத்தை எடுப்பது சின்ன விஷயம் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைத்திருப்பார். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. அது திரும்ப முளைக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு விரலிலும் அந்த எலும்பையே வெட்டி எடுக்க வேண்டும். பல நாடுகளில் இதைத் தடை செய்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். நகத்தின் நுனியை மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நறுக்கிவிடலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும்.

நாற்காலியின் முன்காலுக்கு அடியில் தரையைத் தடவிப் பாருங்கள். வளைந்த, மெல்லிய, அரிசி உமி போல ஏதாவது கையில் தட்டுப்படும். அது நகத்தின் பழைய மேல்தோடு. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது நுனியை வெளியே கொண்டுவரத்தான் பூனை பிராண்டுகிறது. தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் இழுத்து நீட்டிக்கொள்வதும் அப்போதுதான். பாதத்தில் வாசனைச் சுரப்பிகளும் உண்டு. பிராண்டிய இடத்தில் அந்த வாசனை தங்கி, இது என் இடம் என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் மூலையில் கிடக்கிற சாமானைவிட, வீட்டு ஆட்கள் புழங்குகிற இடத்தையும் தான் தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தையும்தான் அது தேடும். உங்கள் வீட்டில் எல்லோரும் மாறி மாறி உட்காருவது அந்த நாற்காலியில்தானே?

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பூனைக்கா பஞ்சம்? பட்டாசலில் நெல் மூட்டை இருக்கும், அதைத் தேடி எலி வரும், எலிக்குப் பூனை வேண்டும். ஆனால் புறவாசலில் ஒரு வேப்பமரமோ முருங்கையோ நின்றது, தொழுவத்தில் மரத்தூண் இருந்தது, விறகு கிடந்தது. பூனை அங்கே போய் நகத்தைத் தீட்டிக்கொண்டு வந்தது. மாடி வீட்டில் டைல்ஸ் தரை, இரும்புப் பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி. நகம் இறங்குகிற மாதிரி இருக்கிற ஒரே பொருள் தாத்தாவுடையதுதான் என்றால் அந்தக் குட்டிகள் வேறு எங்கே போகும்?

ஆகவே அவற்றுக்கு ஒரு தூண் வேண்டும். பழைய மரக்கடையில் பனங்கைத் துண்டு ஒன்று கேளுங்கள், மூன்றடி இருந்தால் போதும். பூனை முழுசாக எழும்பி நீட்டினாலும் எட்டுகிற உயரம் அது. அகலமான கனத்த பலகையில் அசையாமல் அறைந்து நிறுத்தச் சொல்லுங்கள். ஒருமுறை ஆடினால் பூனை அப்புறம் அதைத் தொடாது. மேலிருந்து கீழ்வரை கத்தாழை நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். கிடைக்காவிட்டால் தேங்காய்நார்க் கயிறு. முக்கியமாக, அதைப் பால்கனிக்குத் தள்ளிவிடாமல் நாற்காலியின் முன்காலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். காலைச் சுற்றி வழவழப்பான பிளாஸ்டிக் தாளை நாடாவால் கட்டுங்கள். வழுக்கினால் பூனை தானாகத் தூணுக்கு மாறும். நன்றாகப் பழகிய பிறகு தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். இருபக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டச் சொல்வார்கள். சோபாவுக்கு அது சரி. பழைய மரத்தில் ஒட்டினால் உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வந்துவிடும்.

பாலிஷ் என்றதும் உங்கள் படத்தில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வலது கைச்சட்டத்தில் இரண்டு வெளிறிய வட்டங்கள் தெரிகின்றன, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி. சூடாக டம்ளர் வைத்த தடம் மாதிரி இருக்கிறது. அரக்கு பாலிஷ் சூட்டுக்கு அப்படி வெளுக்கும். அரக்குதான் என்றால் நல்லதாகப் போயிற்று, அது ஸ்பிரிட்டில் கரைவதால் புதுப் பூச்சு பழையதோடு கலந்துவிடும். கீறிய காலுக்கு மட்டும் பூசினாலும் திட்டாகத் தெரியாது. பழைய நாற்காலி பார்க்கத் தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள். உப்புத்தாளால் முழுசாகத் தேய்த்துப் புதிதாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரம்புக்கும் வயர் பின்னல் போட விட வேண்டாம், பிரம்பே போடச் சொல்லுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள், பிரம்பு நொறுங்கும். அந்த வட்டங்கள் அப்படியே இருக்கட்டும். தாத்தா காப்பி டம்ளர் வைத்த இடமாகக்கூட இருக்கும்.

அண்ணனிடம் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் கீறலுக்குப் பயந்து கொடுக்காதீர்கள். அவர் வருகிற அன்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கவும் வேண்டாம். பூனை கீறியதையும், சரிசெய்யக் கொடுக்கப்போவதையும் இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். எந்த ஆசாரி என்று அவரையே கேளுங்கள். விட்டுக்கொடுத்தவருக்கு அதில் ஒரு பாத்தியதை இருக்கிறது.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மாடி வீட்டில் வளர்ந்த பூனையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டால் அதற்கு இரை தேடவும் தெரியாது, அங்கிருக்கிற நாய்களும் விடாது. கொன்றுபோடுவதற்கு வேறு பெயர் அது, நான் அதற்குச் சம்மதிக்கவே மாட்டேன்.

கடைசியாகக் கடுவன். நகத்தைவிட நாற்காலிக்குப் பெரிய ஆபத்து அதனிடம்தான் இருக்கிறது. ஐப்பசிக் குட்டி என்றால் இந்நேரம் வயசுக்கு வந்திருக்கும். நின்றபடியே பின்னால் பீய்ச்சி மூத்திரம் அடிக்க ஆரம்பித்தால் பிரம்பிலிருந்து அந்த வாடை போகாது. கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் அதை விட்டுவிடும். பெட்டைக்கும் சேர்த்தே செய்துவிடுங்கள், கூடப்பிறந்தவை என்றெல்லாம் பூனை பார்க்காது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திதிக்கு முன்னால் ஒருநாள் இரண்டையும் கூடையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி