பொருத்திய மூன்றாம் வாரம் பித்தளை ஃபிட்டிங் வெடிப்பது ஏன்?

கேள்வி: கடைசல் பட்டறை நடத்துகிறேன். 24 மி.மீ. ஹெக்ஸ் பித்தளை ராடில், அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரைத் தரம்) உள்மரை போட்ட ஃபிட்டிங் 3,000 செய்து கொடுத்தேன். கேஜில் எல்லாம் சரியாக இருந்தது. இரும்புக் குழாயில் ஏற்றிப் பொருத்திய மூன்று வாரத்தில் சிலவற்றில் நீளவாக்கில் விரிசல். ராடு விற்றவர் "உங்கள் டூல் மொட்டை" என்கிறார். வாங்கியவர் "மெட்டீரியல் மட்டம்" என்கிறார். சர்டிபிகேட்டில் குறை எதுவும் இல்லை. தவறு யாருடையது? கையில் மீதி 1,200 பீஸ் இருக்கிறது. அதை என்ன செய்வது?

பதில்: முதலில் டூலை விடுவிப்போம். மொட்டை டூல் போட்டால் மரையின் அடி கிழியும், பிசிறு நிற்கும், கேஜ் இறுக்கிப் பிடிக்கும். இதெல்லாம் மெஷினிலேயே தெரிந்துவிடும். மூன்று வாரம் பொறுத்திருந்து சுவரை நீளமாகப் பிளக்கும் வேலையை மொட்டை டூல் செய்யாது.

நீங்கள் சொல்கிற அறிகுறிகள் பித்தளையின் பழைய நோயைக் காட்டுகின்றன. உள்ளே நிற்கும் இழுவிசை, கொஞ்சம் ஈரம், துளி அமோனியா. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பித்தளை தானாகவே வெடிக்கும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களின் பக்கம் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடு மழைக்காலத்தில் வெடித்தது. அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்குப் பருவத்தை வைத்தே 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வந்தது. காரணம் அமோனியாவும் உள்ளிழுவையும் என்பது 1921-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியாகிவிட்டது. நூறு வருடம் கழித்தும் வரைபடத்தில் வெறுமனே 'பித்தளை' என்று எழுதி அனுப்புகிறார்கள். வெடித்ததும் டெபிட் நோட் மட்டும் தவறாமல் வருகிறது.

வெடித்த பீஸ் ஒன்றை எடுத்து விரிசலைப் பிளந்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். உடைந்த முகம் மங்கலாக, கற்கண்டை உடைத்தாற்போல் பொடிப்பொடியாக, சுவர் எங்கும் இழுபடாமல் மெலியாமல் இருந்தால் அது நான் சொன்ன நோய். பளபளவென்ற மஞ்சளாக, ஓரம் இழுபட்டுக் கிழிந்திருந்தால் ஒரே முறுக்கில் உடைந்தது. செம்பு நிறத்தில் பஞ்சுபோல் இருந்தால் துத்தநாகம் கரைந்து போயிருக்கிறது; அதற்கு மாதக்கணக்கில் தண்ணீர் ஓட வேண்டும், மூன்று வாரத்தில் நடக்காது. விரிசல் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஹெக்ஸின் மூலையில் இல்லாமல், தட்டைப் பக்கத்தின் நடுவில் இருக்கும் என்று நினைக்கிறேன். அரை அங்குல பிஎஸ்பி மரையின் பெரிய விட்டம் 20.955 மி.மீ. 24-இல் அதைக் கழித்துப் பாதியாக்கினால், தட்டைப் பக்கத்தின் நடுவே மரையின் அடிக்கு மேல் மிஞ்சுவது 1.5 மி.மீ. சுவர்தான். அதையே மனத்தில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ராடு. 'ஃப்ரீ கட்டிங்' என்று சொல்லி விற்கப்படுவது ஒரே சரக்கு அல்ல. சி36000 என்ற அமெரிக்கத் தரம் என்றால் தாமிரம் 60 முதல் 63%. சிடபிள்யூ614என் என்ற ஐரோப்பியத் தரம் என்றால் தாமிரம் 57 முதல் 59%, ஈயம் 2.5 முதல் 3.5%. இரண்டிலும் சீவல் ஊசி ஊசியாக உதிரும், லேத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டாவதில் துத்தநாகம் கூடுதல். துத்தநாகம் ஏற ஏற இந்த வெடிப்புக்கு ஆளாகும் வாய்ப்பும் ஏறும். முதலாவதைக் கேட்டவருக்கு இரண்டாவதைக் கொடுப்பது இடைத்தரகர்களின் தினசரிப் பழக்கம். தாமிரம் குறைந்தால் அவர்களுக்கு லாபம்.

ஸ்க்ராப் உருக்கிய ராடு இதைவிட மோசம். பழைய குழாய்த் தலை, ரேடியேட்டர், கதவுப்பிடி எல்லாம் சேர்ந்து உருகும்போது அலுமினியமும் சிலிக்கானும் உள்ளே வந்துவிடும். உலோகத்தின் உள்ளமைப்பைப் பொறுத்தவரை 1% அலுமினியம் 6% துத்தநாகத்துக்குச் சமம். 1% சிலிக்கான் 10 சதவீதத்துக்குச் சமம். அரை சதவீத அலுமினியம் நுழைந்தாலே 3% துத்தநாகம் கூடியதுபோல் நடந்துகொள்ளும், ராடு முறுமுறுவென்று ஆகிவிடும். சிடபிள்யூ614என் தரத்தில் அலுமினியம் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று போட்டிருப்பது அதற்காகத்தான். அந்த வரி உங்கள் சர்டிபிகேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தாமிரம், ஈயம், இரும்பு, 'மீதி துத்தநாகம்' என்று நான்கே வரி இருந்தால் அது சர்டிபிகேட் அல்ல, வாழ்த்து மடல்.

சர்டிபிகேட் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இஎன் 10204 என்ற தரத்தில் '3.1' என்றால், உங்களுக்கு வந்த அதே வார்ப்பைச் சோதித்து, தயாரிப்பாளரின் சோதனைப் பிரிவு கையெழுத்திட்டது. '2.2' என்றால் இந்த மாதிரிச் சரக்கு பொதுவாக இப்படித்தான் இருக்கும் என்ற பேச்சு. '2.1' வெறும் உறுதிமொழி. தரகர் தன் லெட்டர்ஹெட்டில் திரும்ப டைப் செய்து கொடுத்தது இந்த மூன்றிலும் சேராது. அதில் இருக்கும் ஹீட் நம்பர், அதாவது வார்ப்பின் எண், கட்டின் டேக்கில் இருக்கிறதா? டேக் பிய்த்த கட்டு, இரண்டு கட்டைக் கலந்து ஒன்றாக்கிய கட்டு, ஜெராக்ஸின் ஜெராக்ஸ் வந்தால் இறக்காமல் திருப்பி அனுப்புங்கள். எக்ஸ் கதிரால் கலவையைக் காட்டும், கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியால் கடையிலேயே சுட்டுக் காட்டி "பாருங்க, ஓகே" என்பார்கள். அந்தக் கருவி குறைந்த அளவு அலுமினியத்தைக் காண்பதில் பலவீனம். கடைந்த மேற்பரப்பில் ஈயம் தீற்றி இருப்பதால் ஈயத்தையும் கூட்டிச் சொல்லும். ராடைக் குறுக்கே அறுத்து, புதிய முகத்தை எமரியில் தேய்த்து, தீப்பொறியின் ஒளியை வைத்துக் கலவையைச் சொல்லும் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோவில் பாருங்கள். அலுமினியம், சிலிக்கான், டின், நிக்கல் நான்கும் ரிப்போர்ட்டில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எழுதிக் கேட்காவிட்டால் பல லேப்கள் 'தரத்துக்குள் உள்ளது' என்ற ஒற்றை வரியோடு அனுப்பிவிடும்.

இவ்வளவு பார்த்தும் கலவை சரி என்று வரலாம். சரியான கலவையும் வெடிக்கும். ராடைக் குளிர்நிலையில் இழுத்து நேராக்கும்போது உள்ளே தங்கிய இழுவையைப் பற்றிக் கலவைப் பட்டியல் ஒன்றும் பேசாது. அந்த இழுவையை நீங்களே அளக்கலாம். மீதிப் பீஸ் ஒன்றிலிருந்து சுமார் 20 மி.மீ. நீள வளையம் வெட்டி, முகத்தில் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறி, இடைவெளியை அளந்து வைத்துக்கொண்டு, மெல்லிய வாளால் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே சுவரை நீளவாக்கில் அறுத்துவிடுங்கள். வைஸில் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கோடுகள் விலகினால் வெளிப்புறத்தில் இழுவை இருக்கிறது என்று அர்த்தம். கணக்கு சுலபம். இடைவெளி கூடியதை 3.14-ஆல் வகுத்தால் விட்ட மாற்றம். அதைச் சுவர்த் தடிமனாலும் 1,00,000-ஆலும் பெருக்கி, சராசரி விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இழுவை மெகாபாஸ்கலில் வரும். உதாரணமாக 2 மி.மீ. சுவர், 20 மி.மீ. விட்டம், கோடுகள் 0.3 மி.மீ. விலகின என்றால் ஏறக்குறைய 50 மெகாபாஸ்கல். யாரும் கை வைக்காத பீஸுக்குள்ளேயே அவ்வளவு இழுவை.

இதற்கு மருந்து, 250 முதல் 280 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிடுவது. கூடையின் நடுவில் இருக்கும் பீஸ் சூடேறிய பிறகுதான் ஒரு மணி நேரக் கணக்கு தொடங்கும். எனவே தெர்மோகப்பிளை நடுவில் செருகுங்கள், ஃபர்னஸ் டயலை நம்பாதீர்கள். 350-ஐத் தாண்டினால் பித்தளை இளகத் தொடங்கும். முன்னும் பின்னும் கடினம் அளந்தால் ஏறத்தாழ அதே எண் வர வேண்டும். நிறம் கறுக்கும், 5% கந்தக அமிலத்தில் முக்கிக் கழுவினால் போய்விடும். முலாம் பூசுவதாக இருந்தால் சூடேற்றுவது அதற்கு முன்னால். இனி ராடு வாங்கும்போது ஆர்டரிலேயே 'எஸ்' எழுத்தோடு, ஆர்430எஸ் என்று எழுதுங்கள். அந்த எஸ், இழுவை தணித்த ராடு என்பதற்கான குறி. விலைப் பேச்சில் முதலில் காணாமல் போவதும் அந்த ஒற்றை எழுத்துதான்.

இப்போது அந்த 1.5 மி.மீ. சுவருக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் முழுக் குற்றமும் ராடின் மேல் இருக்காது என்று தோன்றுவது இதனால்தான். குழாயின் வெளிமரை டேப்பர், அதாவது கூம்புபோல் சரிந்தது. 16-க்கு 1 சரிவு. பிஎஸ்பி அரை அங்குலத்தில் ஒரு சுற்றுக்கு மரை 1.814 மி.மீ. உள்ளே போகும். அதை 16-ஆல் வகுத்தால், கையால் இறுகிய பிறகு போடும் ஒவ்வொரு முழுச் சுற்றும் உங்கள் ஃபிட்டிங்கை 0.113 மி.மீ. விரிக்கப் பார்க்கிறது. இரும்பு சுருங்காது, மரை நெளியாது என்று வைத்துக்கொண்டால் 21 மி.மீ. விட்டத்தில் அது 0.5 சதவீதத்துக்கு மேல். இழுவையாக மாற்றினால் 500 மெகாபாஸ்கலைத் தாண்டும். பித்தளை அதில் பாதியிலேயே நிரந்தரமாக விரிந்துவிடும். நடைமுறையில் மரை கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் இவ்வளவு வராது. ஆனாலும் கால் சுற்றுக்கே நூறைத் தாண்டிய இழுவை கணக்கில் நிற்கிறது. டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றுபவர்கள் வேறு. டேப் வழுக்குவதால் அதே கைவிசையில் குழாய் இன்னும் ஆழமாக ஏறும், ஃபிட்டிங் இன்னும் விரியும். பொருத்துபவருக்கு 'இறுக்கமே இல்லை' என்றுதான் படும்.

பொருத்தும்போது உண்டாகும் இந்த இழுவையை நீங்கள் முன்கூட்டியே செய்யும் அந்தச் சூட்டுப்பதம் தொடவே தொடாது. பலரும் தவறுவது இங்கேதான். பதம் செய்து அனுப்பினோம், அப்படியும் வெடித்தது, அதனால் பதம் பொய் என்று முடிவு கட்டுகிறார்கள். பதம் ராடில் இருந்ததை மட்டும் எடுக்கும். பிறகு வாங்கியவர் தன் ஸ்பேனரால் ஏற்றியதை யார் எடுப்பது? கசிவு பார்க்க அமோனியா கலந்த சோப்புத் தண்ணீர் தடவினாலோ, கழிவறை, மாட்டுக் கொட்டகை, உரக் கிடங்கு பக்கம் மாட்டினாலோ கதை முடிந்தது.

யார் பங்கு எவ்வளவு என்று தெரிய மூடியுள்ள கண்ணாடி ஜாடி ஒன்று போதும். ஐந்து பீஸ் அப்படியே. ஐந்து பீஸ் பதம் செய்தது. இன்னும் ஐந்து பீஸ் பதம் செய்து, வாங்கியவர் இறுக்கும் அதே முறுக்கில் இரும்பு பிளக்கில் ஏற்றியது. எண்ணெய் போகக் கழுவி, ஜாடியின் அடியில் அமோனியா நீர்மம் ஊற்றி, அதைத் தொடாமல் மேலே தொங்கவிட்டு மூடி, 24 மணி நேரம் வையுங்கள். பிறகு நீர்த்த அமிலத்தில் கழுவி லென்ஸில் பாருங்கள். முதல் ஐந்து மட்டும் வெடித்தால் ராடின் இழுவை. இரண்டாவது ஐந்து தப்பி மூன்றாவது ஐந்து வெடித்தால் பொருத்துமுறையும் மெல்லிய சுவரும். இரண்டாவது ஐந்தும் வெடித்தால் பதம் சரியாக ஏறவில்லை. திறந்த வெளியில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுச் செய்யுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. பிளீச்சிங் திரவம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. முறையான சோதனை வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 6957 என்று லேபிடம் கேளுங்கள். பாதரச உப்பில் முக்கும் பழைய சோதனையைப் பட்டறையில் யாரும் தொட வேண்டாம்.

இந்த நேரம் பார்த்து யாராவது வந்து "டிஇசட்ஆர் பித்தளை போடுங்க, எதுவும் ஆகாது" என்பார். அதில் சேர்க்கும் ஆர்செனிக் துத்தநாகம் கரைவதைத் தடுக்கத்தான்; இந்த வெடிப்பைத் தடுக்காது. நிக்கல் முலாமையும் இதற்கு நம்ப முடியாது.

கையில் உள்ள 1,200 பீஸ், ஒன்று 50 கிராம் என்று வைத்தால் 60 கிலோ வரும். ஒரே கூடையில் அடைக்காமல் நான்கு தவணையாகப் பதம் செய்யுங்கள். பிறகு மரையை மறுபடி கேஜில் பாருங்கள், சில பீஸ் நெளிந்திருக்கும். ஜாடிச் சோதனையில் மூன்றாவது ஐந்து தப்பினால் மட்டும் அனுப்புங்கள். தப்பாவிட்டால் அவற்றை ஸ்க்ராப்பில் போட்டுவிட்டு, 27 மி.மீ. ஹெக்ஸில் புதிதாகச் செய்வதே மலிவு. சுவர் 3 மி.மீ. ஆகிவிடும், அதே முறுக்குக்கு விரிவு வெகுவாகக் குறையும். வரைபடத்தை மாற்ற வாங்கியவர் ஒப்பினால், நேர்மரையும் முகத்தில் வாஷரும் வைத்து அடைப்பது அதைவிட நல்லது. ஏற்கெனவே பொருத்தியிருக்கும் பீஸ்களுக்குப் பதம் செய்ய வழியில்லை. அமோனியா வரக்கூடிய இடங்களில் மாட்டியவற்றை மட்டும் முதலில் மாற்றிக் கொடுங்கள். மாற்றும்போது கழற்றிய பீஸ்களில் விரிசல் எந்தப் பக்கம் தொடங்கியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். ராடு விற்றவரிடம் பேச அந்தத் தாளும் ஜாடியில் வெடித்த பீஸ்களும் தேவைப்படும்.