கழுத்தில் எரிச்சலும் பருக்களும்: பிளேடு காரணமா, கை காரணமா?

கேள்வி: எனக்கு வயது 34. பல வருடங்களாக மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர் பயன்படுத்தி வந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் சேஃப்டி ரேசருக்கு மாறினேன். எந்த பிளேடு ஒத்துக்கொள்ளும் என்று தெரியாததால் ஆறு கம்பெனி பிளேடுகளை வாங்கி, தினம் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். கன்னத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. கழுத்தில் மட்டும் எரிச்சல், சிவப்பு, பிறகு சிறு சிறு பருக்கள். தாடை ஓரத்தில் அடிக்கடி வெட்டிக்கொள்கிறேன். எது நல்ல பிளேடு? அல்லது சேஃப்டி ரேசரே எனக்குச் சரிப்படாதா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடைக்கான துப்பு இருக்கிறது. கன்னத்தில் தொந்தரவு இல்லை என்கிறீர்கள். ஆறு கம்பெனி பிளேடும் உங்கள் கன்னத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கின்றன. அதே பிளேடு நான்கு விரற்கடை கீழே இறங்கியதும் தொல்லை கொடுக்கிறது. எனவே முதலில் பார்க்க வேண்டியது கழுத்தில் உங்கள் கை என்ன செய்கிறது என்பதை. பிளேடைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு. சேஃப்டி ரேசரை விட்டுவிட வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால், உங்களுக்கு இருப்பது போன்ற பருக்களுக்கு சேஃப்டி ரேசரின் ஒற்றை பிளேடுதான் ஏற்றது.

ஏன் என்று சொல்கிறேன். பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முன்னால் போகும் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுத்துவிடும். அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடும். வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய் நிற்கும். முடி நேராக வளர்பவர்களுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. சுருண்டு வளரும் முடியாக இருந்தால், கூரான அந்த நுனி வேர்ப்பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளேயே போய்விடும்; அல்லது வெளியே வந்து வளைந்து மறுபடி தோலுக்குள் குத்தும். உடல் அதை ஒரு முள்ளைப் போலப் பாவித்து அழற்சியைக் கிளப்பும். அதுதான் நீங்கள் பார்க்கும் பரு. இதைச் ‘சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே’ என்கிறோம். ஒற்றை பிளேடு முடியை இவ்வளவு உள்ளே வெட்டாது. ஆனால் தோலை இறுக்கி இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக, அழுத்தி வழித்தால் ஒற்றை பிளேடிலும் அதே விளைவைக் கொண்டுவந்துவிடலாம். கார்ட்ரிட்ஜில் பழகிய கை செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

உங்களுக்கு இருப்பது அந்தப் பரு தானா, வெறும் எரிச்சலா என்பதையும் பிரித்துப் பாருங்கள். ஷேவ் முடிந்த சில நிமிடங்களில் தொடங்கி ஓரிரு நாளில் அடங்கும் சிவப்பு, உராய்வினால் வருவது. ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து எழும்பி, உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு முடி வளைந்து தெரிந்தால் அது உள்வளர் முடி. சீழ்த் தலையுடன் கொத்தாக வந்தால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் செதில் செதிலாகத் தடித்து, தாடி முடி தொட்டாலே கழன்று வந்தால் பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். கடைசி இரண்டுக்கும் எந்த பிளேடும் மருந்தாகாது. மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இருக்கும் பருக்கள் ஆறும்வரை புதிய பரிசோதனை வேண்டாம். மூன்று, நான்கு வாரம் கழுத்தை மழிக்காமல் விடுங்கள். வேலை காரணமாக முடியாது என்றால் ட்ரிம்மரால் 1 மி.மீ. முடியை விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். தோலுக்குள் வளைந்து நுழைந்த முடி தெரிந்தால், ஸ்பிரிட்டால் துடைத்த ஊசி முனையால் வளைவை மட்டும் வெளியே தூக்கிவிடலாம். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் அடுத்து முளைக்கும் முடி மறுபடி உள்ளேயே திரும்பும். சிவப்பும் அரிப்பும் அதிகமானால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமை மெல்லியதாக, சில நாட்களுக்கு மட்டும் தடவலாம். ஸ்டீராய்டு கிரீமை வாரக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலியும். பருக்கள் திரும்பத் திரும்ப வந்தால் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற தடவு மருந்துகள் உதவும். எது, எவ்வளவு என்பதை உங்கள் தோலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்த ஓய்வு நாட்களில் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். இரண்டு நாள் முடி வளர்ந்த நிலையில், கண்ணாடி முன் நின்று விரல் நுனியால் கழுத்தை நாலா பக்கமும் வருடுங்கள். வழுவழுவென்று போகும் பக்கம் முடி வளரும் திசை. சொரசொரவென்று தடுக்கும் பக்கம் எதிர்த்திசை. கன்னத்தில் அநேகமாக எல்லாம் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் அப்படி இருக்காது. குரல்வளைக்கு இரு பக்கமும் முடி படுக்கைவாட்டிலும், கீழ்க்கழுத்தில் மேல்நோக்கியும், சிலருக்குச் சுழி போலவும் வளரும். நீங்கள் மேலிருந்து கீழே வழிக்கிறபோது திசையோடு போவதாகத்தான் நினைத்திருப்பீர்கள். கீழ்க்கழுத்தில் அது எதிர்த்திசையாக இருந்திருக்கலாம். ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி போட்டு வையுங்கள். சின்ன வேலைதான். ஆனால் பாதித் தொந்தரவு இதிலேயே தீர்ந்துபோவதுண்டு.

பிளேடு மாட்டுவதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பிளேடின் இரு குட்டைப் பக்கங்களைப் பிடித்து மேல்தட்டின் மேல் வைத்து, அடித்தட்டைப் பொருத்தி, கைப்பிடியை முழுதாகத் திருகி இறுக்குங்கள். பிறகு ரேசரை நேருக்கு நேர் கண் மட்டத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் வெளியே தெரியும் பிளேடின் அகலம் ஒரே அளவா என்று பாருங்கள். கோணலாக உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கம் சாதுவாகவும் மறுபக்கம் கடித்தும் வெட்டும். இதைப் பார்க்காமல் பிளேடைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து தண்ணீர். காய்ந்த தாடி முடி நல்ல விறைப்பு. ஈரத்தில் ஊறியதும் வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. குளித்த பிறகு ஷேவ் செய்யுங்கள். இல்லாவிட்டால் வெதுவெதுப்பான ஈரத் துண்டை இரண்டு மூன்று நிமிடம் தாடியில் வைத்திருங்கள். நுரை பொங்கிக் குமிழ் குமிழாக நின்றால் அதில் காற்றுதான் அதிகம், வழுக்கல் இல்லை. பிரஷ்ஷில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, தயிர் போல அடர்த்தியாகப் பளபளக்கும்வரை குழைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் (முழுதாக ஒருமுறை வழித்து முடிப்பது ஒரு சுற்று) புதிதாக நுரை போட வேண்டும். நுரை போன இடத்தில் வெறும் தோலின் மேல் ‘இன்னும் ஒரு இழுப்பு’ என்று போவதுதான் கழுத்து எரிச்சலின் முதல் காரணம்.

கோணம் பிடிபட ஒரு வழி: ரேசரின் மேல்தட்டைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக வெளியே நீட்டியிருக்கும்படி பிடியுங்கள். இந்த நிலையில் பிளேடு தோலைத் தொடாது. இப்போது கைப்பிடியை மெதுவாகக் கீழே தாழ்த்திக்கொண்டே சிறிது நகர்த்துங்கள். முடி வெட்டுப்படும் ‘சரக் சரக்’ சத்தம் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகை இருக்கும். கைப்பிடியை இன்னும் தாழ்த்தினால் பிளேடு சுரண்ட ஆரம்பிக்கும். கன்னத்தில் பிடித்த கோணத்தைக் கழுத்தில் வைத்திருக்க, தாடை வளைவில் மணிக்கட்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பாமல் கையை நேராக இழுத்தால் கோணம் மாறி, பிளேடு தாடை ஓரத்தில் கொத்தும். உங்கள் வெட்டுகள் அங்கேயே வருவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அழுத்தமே கூடாது. கார்ட்ரிட்ஜ் தலை அசைந்து வளைந்து கொடுக்கும், அதனால் கை அழுத்திப் பழகிவிடுகிறது. சேஃப்டி ரேசரின் எடை பெரும்பாலும் 70 முதல் 100 கிராம். அந்த எடையே வெட்டுவதற்குப் போதும். கைப்பிடியின் அடிப்பக்கத்தை மூன்று விரல் நுனியால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. ஒரு இழுப்பு 2 முதல் 3 செ.மீ. வரைதான். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ரேசரை அலசித் திருப்பிப் பிடியுங்கள். பிளேடின் கூர் வாட்டத்தில் ரேசரைப் பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தாதீர்கள். ஆழமான வெட்டுகள் அப்படித்தான் வருகின்றன. தாடை ஓரத்துத் தோலை, வழிப்பதற்கு முன் மெதுவாகக் கன்னத்துப் பக்கம் மேலே நகர்த்திச் சமமாக்குங்கள். குரல்வளையில் தோலைப் பக்கவாட்டில் ஒதுக்கி மேட்டை விட்டு விலக்கிவிட்டு வழியுங்கள். இரண்டு இடத்திலும் நோக்கம் தோலைச் சமப்படுத்துவது மட்டுமே. இறுக்கினால் முடி உள்ளே வெட்டுப்படும்.

முதல் ஒரு மாதம் கழுத்தில் ஒரே சுற்று, உங்கள் அம்புக்குறித் திசையோடு மட்டும். பரு வராவிட்டால் இரண்டாம் சுற்றைக் குறுக்காகப் போகலாம். எதிர்த்திசைச் சுற்று உங்கள் கழுத்துக்கு எப்போதுமே வேண்டாம். மாலையில் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். பருவைவிட அது மேல்.

இப்போது பிளேடு. இரு பக்கமும் கூர் உள்ள சேஃப்டி ரேசர் பிளேடுகள் எல்லாம் ஒரே அளவு: நீளம் சுமார் 43 மி.மீ., அகலம் 22 மி.மீ., கனம் 0.1 மி.மீ. எஃகைப் பதப்படுத்திய விதம், தீட்டிய விதம், விளிம்பின் மேல் பூச்சு ஆகியவற்றில்தான் வித்தியாசம். குரோமியம், பிளாட்டினம் பூச்சு விளிம்பை உறுதியாக்க. டெஃப்லான் வகைப் பூச்சு முடியில் வழுக்கிச் செல்ல. கூர்மையும் வழுக்கலும் வேறு வேறு குணங்கள். பயன்படுத்துவோரின் பொதுவான அனுபவத்தில் ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது. துருக்கியின் டெர்பி எக்ஸ்ட்ரா மிதமானது. ஆஸ்ட்ரா சுப்பீரியர் பிளாட்டினம், ஜில்லெட் சில்வர் ப்ளூ ஆகியவை நடுவில். மிதமான பிளேடு தோலுக்கு மிருதுவானது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அடர்த்தியான, தடித்த முடியில் அது இழுக்கும், இழுத்தால் கை தன்னையறியாமல் அழுத்தும், தோல் சிவக்கும். அப்படிப்பட்ட தாடிக்குக் கூர்மையான பிளேடே இதம். மென்மையான முடி உள்ளவருக்கு அதே பிளேடு தேவைக்கு மேல். ரேசர் தலையும் சேர்த்திதான்: மெர்க்கூர் 34சி போன்ற சாதுவான ரேசரில் ஒத்துக்கொண்ட பிளேடு, ம்யூலே ஆர்41 போன்ற முரட்டு ரேசரில் கடிக்கலாம்.

தினம் ஒரு பிளேடு என்ற உங்கள் முறையில் எந்த முடிவும் கிடைக்காது. இன்று எழும்பும் பரு, மூன்று நாள் முன்பு போட்ட பிளேடின் வேலையாக இருக்கலாம். எதன்மேல் பழி போடுவீர்கள்? கழுத்து ஆறிய பிறகு நடுத்தரமான ஒரே கம்பெனி பிளேடை வைத்துக்கொண்டு நான்கு வாரம் கையைப் பழக்குங்கள். அதன் பிறகு ஒப்பிடுங்கள். ரேசர், சோப்பு, ஷேவ் செய்யும் இடைவெளி, சுற்றுகளின் எண்ணிக்கை, எதுவும் மாறக் கூடாது. ஒரு கம்பெனிக்கு இரண்டு பிளேடு, ஒரு பிளேடுக்கு நான்கு ஷேவ். ஒவ்வொரு முறையும் நான்கே விஷயங்களைக் குறியுங்கள்: முதல் சுற்றில் முடி இழுத்ததா, எத்தனை இடத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது, மறுநாள் காலை கழுத்து எப்படி, மூன்றாம் நாள் புதிய பரு எத்தனை. புதிய பிளேடின் முதல் ஷேவ் பலருக்குச் சற்றுக் கடுமையாக இருக்கும். அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று கம்பெனிகளைப் பார்த்தால் போதும்.

ஒரு பிளேடு மூன்று முதல் ஏழு ஷேவ் தாங்கும். எண்ணிக்கையை நம்புவதைவிட, முடி இழுக்கத் தொடங்கிய அன்றே மாற்றுங்கள். எஃகைவிட 50 மடங்கு மென்மையான முடி எப்படி பிளேடை மழுக்குகிறது என்பதை 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் பார்த்தார்கள். விளிம்பு சீராகத் தேய்வதைவிட, முடி ஒரு கோணத்தில் வளைந்து மோதும் இடங்களில் சிறு சிறு சில்லுகளாக உடைகிறது. ஷேவ் முடிந்ததும் பிளேடைத் துண்டால் துடைக்காதீர்கள்; விளிம்பும் பூச்சும் கெடும். அலசி, உதறி, காற்றாட வையுங்கள். துருவினால் டெட்டனஸ் வரும் என்று பயப்படுகிறார்கள். டெட்டனஸுக்குக் காரணம் துரு அல்ல, மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி. ஆனாலும் துருப்பிடித்த விளிம்பு தோலைக் கிழிக்கும், தூக்கி எறியுங்கள். ரேசரையோ பிளேடையோ யாரோடும் பகிர வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் அந்த வழியாகப் பரவக்கூடியவை.

ஷேவுக்குப் பின் குளிர்ந்த நீரில் அலசி, துண்டால் ஒற்றி எடுத்து, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ் உங்கள் கழுத்துக்கு இப்போதைக்கு ஆகாது. ஈரமான படிகாரக் கல்லை லேசாகத் தேய்த்து அரை நிமிடத்தில் அலசிவிடலாம். சுரீரென்று எரியும் இடம் எது என்று பாருங்கள், அங்கேதான் அழுத்தியிருப்பீர்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் விடாமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு பிளேடைத் தொடுவது நல்லது.

தாடியில் தட்டையான சிறு மருக்கள் வரிசையாகப் பரவினால் மழிப்பதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பிளேடுதான் அவற்றை இழுத்துச் செல்லும். பரு இருந்த இடம் கெட்டியாகத் தடித்து வளர்ந்தாலும் காத்திருக்க வேண்டாம். திசையோடு ஒரே சுற்று, அழுத்தமில்லாத கை என்று ஆறு வாரம் சரியாகச் செய்தும் புதிய பருக்கள் வந்துகொண்டே இருந்தால், கழுத்துக்கு மட்டும் ட்ரிம்மர், கன்னத்துக்கு ரேசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து மழமழவென்று இருந்தே ஆக வேண்டும் என்றால் லேசர் முறையில் முடியைக் குறைக்கலாம். கருமுடிக்கு அது நன்றாக வேலை செய்யும். பல அமர்வுகள் தேவைப்படும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் என்டி-யாக் வகை லேசரே பாதுகாப்பானது என்பதால், எந்தக் கருவி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.