மலை ஊர்களில் கறுப்பின வரலாற்று விழா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் பிப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் நூலக வாசகர் வட்டமும் ஒருநாள் நிகழ்ச்சி நடத்த விரும்புகிறது. பிப்ரவரியில்தான் நடத்த வேண்டுமா?
*வாசகர், கோத்தகிரி*

பதில்: கட்டாயமில்லை. வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926இல் 'நீக்ரோ வரலாற்று வாரம்' தொடங்கியபோது, லிங்கன் பிறந்த பிப்ரவரி 12ஆம் தேதியும், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து பெரும் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்ட 14ஆம் தேதியும் சேர்ந்துவரும் வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். 1976இல் அமெரிக்க அரசு அதை மாதமாக ஏற்றது. பிரிட்டனில் 1987 முதல் அக்டோபரில் நடக்கிறது.

நமக்கு அக்டோபர் ஒத்துவராது. வடகிழக்குப் பருவமழை இறங்கி, எந்தச் சாலையில் மண் சரியும் என்று சொல்ல முடியாத காலம் அது. பிப்ரவரியில் வானம் தெளிந்திருக்கும். ஆனால் மேல்நிலை மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வுகள் வந்துவிடும். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு நல்லது. உறைபனிக் காலம் என்பதால் காலை 10.30க்கு முன் தொடங்க வேண்டாம்.

எங்களைக் கேட்டால் டிசம்பர் 1 இன்னும் பொருத்தம். 1955இல் அந்த நாளில்தான் அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்து, கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். 1891இல் அதே டிசம்பர் 1 அன்று, இதே நீலகிரியில், ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காகப் போராடிய அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் முதல் மாநாட்டைக் கூட்டி 10 தீர்மானங்களை நிறைவேற்றினார். நீலகிரிக்காரர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. அன்று மழை வரலாம். திறந்தவெளி வேண்டாம், மண்டபமே எடுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ரோசா பார்க்ஸ் நாடகம் போடுகிறோம். முகத்துக்குக் கறுப்பு மை பூசலாமா? வெள்ளையராக நடிக்கும் பிள்ளைகள் திட்டும் வசனம் எவ்வளவு இருக்கலாம்?
*ஆசிரியை, கூடலூர்*

பதில்: மை வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 1830கள் முதல் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை மந்தபுத்திக்காரர்களாகக் காட்டிச் சிரிக்கவைத்த மேடைக் காட்சிகள் பல தலைமுறைகள் ஓடின. எந்த நல்ல நோக்கத்தோடு பூசினாலும் அந்த இழிவு கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் பள்ளிச் சீருடையிலேயே நிற்கட்டும். கழுத்தில் பாத்திரத்தின் பெயர் அட்டை போதும்.

திட்டும் வசனமும் வேண்டாம். 'நீ எழுந்திரு' என்று கத்தப்படும் பிள்ளை, ஊர்த் தேநீர்க் கடையில் தன் தாத்தாவுக்குத் தனிக் குவளை கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளையாக இருக்கலாம். வேடம் கலைந்த பிறகும் வசனம் மைதானத்தில் தொடரும்.

இப்படிச் செய்யுங்கள். அன்றைய பேருந்தில் 36 இருக்கைகள். 36 காலி நாற்காலிகளைப் போடுங்கள். முன்னால் 10, வெள்ளையருக்கு மட்டும். பின்னால் 10, கறுப்பினத்தவருக்கு. நடுவில் 16, அங்கே யார் உட்காரலாம் என்பது ஓட்டுநர் வாய்ச்சொல். பார்க்ஸ் உட்கார்ந்தது நடுப்பகுதியின் முதல் வரிசை. அந்த வரிசையில் நான்கு நாற்காலிகளில் மட்டும் பெயரட்டை வையுங்கள். நின்றுகொண்டிருந்தவர் ஒரே ஒரு வெள்ளையர். எழச் சொன்னது நான்கு பேரையும். ஒரே வரிசையில் இரு நிறத்தவர் இருக்கக் கூடாது என்பதே காரணம். மற்ற மூவரும் எழுந்தார்கள், மூன்று அட்டைகளை எடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் இருக்கட்டும். ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம். பிள்ளைகள் தாமாகக் கேள்வி கேட்பார்கள்.

நடிப்பதற்கான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கைகளை உருட்டச்சில் அடித்தார். மறுநாள் அவை நகரெங்கும் கைமாறின. டிசம்பர் 5 அன்று தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. துண்டறிக்கை மடிப்பது, எண்ணுவது, நடந்து வேலைக்குப் போவது, சொந்த கார்களில் ஆளேற்றிச் செல்வது: எல்லாப் பிள்ளைகளுக்கும் மானமான வேடம் கிடைக்கும்.

பாடநூல் கதையில் ஒரு திருத்தம்: பார்க்ஸ் 'கால் வலித்ததால் எழாத தையல்காரி' அல்ல. 42 வயது; கறுப்பின மக்களின் உரிமைக்கான அமைப்பின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அவருக்கு 9 மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, 15 வயதுக் கிளாடெட் கோல்வின் இதே காரணத்துக்காகக் கைதானார். உங்கள் பிள்ளைகளைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர், அவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: போன கண்காட்சியில் ஒட்டிய படங்கள் மதியத்துக்குள் சுருண்டு விழுந்தன. இம்முறை என்ன செய்யலாம்? எதையெல்லாம் வைக்கலாம்?
*வாசகர், கொடைக்கானல்*

பதில்: மூடுபனியில் சுவர் வியர்க்கும், இருபக்க ஒட்டுநாடா பிடிக்காது. தாளின் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுப்பதால் சுருள்கிறது. காடாத்துணியில் அச்சடித்து, மேலும் கீழும் மூங்கில் குச்சி செருகி, கயிற்றில் தொங்கவிடுங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். தாளில்தான் அச்சடிக்க முடியும் என்றால் லேசர் அச்சு. இங்க்ஜெட் மை ஈரத்தில் பரவும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கலாம். வாசலில் 15 செ.மீ. படி இருந்தால் 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். ஈரப் பலகை வழுக்கும். மேலே தேங்காய்நார் விரிப்பை ஆணியடித்துவிடுங்கள்.

12 துணிகள் போதும், ஒவ்வொன்றிலும் 80 சொற்கள். நம் மண்ணோடு சேரும் நான்கைச் சொல்கிறோம். மராட்டியச் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலே 1873இல் தம் நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கரும் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸும் 1946இல் கடிதம் எழுதிக்கொண்டனர். 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் தம்மை 'அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்ததையும், முதலில் துணுக்குற்றுப் பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததையும் 1965இல் ஓர் உரையில் சொன்னார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர் அமைப்பு, அமெரிக்கக் கறுப்பின உரிமை இயக்கமான பிளாக் பேந்தரின் பெயரை ஏற்றுப் பிறந்தது.

கேள்வி: எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் விழா என்பதால் இருளர், குறும்பர் நடனக் குழுக்களை வரவேற்பு நடனத்துக்கு அழைத்திருக்கிறோம். இது போதுமா?
*விழாக் குழுவினர், குன்னூர்*

பதில்: போதாது. வாசலில் ஆடவைத்து, உள்ளே மற்றவர்கள் பேசுவதென்றால் பழைய வரிசைதான் மிஞ்சும். மேடைக்கு அழைப்பதற்கு முன் திட்டமிடும் கூட்டத்துக்கு அழையுங்கள். விழாவுக்கு மூன்று வாரம் முன்பாவது நீங்களே அவர்கள் ஊருக்குப் போய் மூப்பரையும் பெண்களையும் சந்தியுங்கள். எதைக் காட்ட விருப்பம், எந்தத் தாளம் சாவுக்கும் சாமிக்கும் மட்டும் உரியது என்று கேளுங்கள். இரண்டாவதை மேடைக்குக் கேட்காதீர்கள்.

குறைந்தது 20 நிமிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவரே அறிமுகம் சொல்லட்டும். தொகையை முன்பே பேசுங்கள். ஒரு நாள் கூலி இழப்பை ஒவ்வொருவருக்கும் சேர்த்து, அன்றே கையில் கொடுங்கள். திரும்பிப்போக ஜீப் ஏற்பாடு உங்கள் பொறுப்பு. சாப்பாடு ஒரே பந்தி.

இன்னொன்று, பலர் மறப்பது: குளிரில் தோல் வாத்தியம் ஈரம் இழுத்துத் தளர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் ஒலி எழும். மண்டபத்துக்கு வெளியே தீ மூட்ட இடமும், காய்ந்த விறகும், அனுமதியும் முன்பே தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்த ஒலியோடு ஆடவைத்து, அவர்களைத்தான் குறை சொல்வோம்.

கோவைக் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களை அழைப்பவர்கள் கவனிக்க: நைஜீரிய மாணவரிடம் மான்ட்கமரி பற்றிப் பேசச் சொல்வது, நம்மிடம் நேபாள வரலாற்றைக் கேட்பது போல. அவர் பேச விரும்புவதைப் பேசட்டும். வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸ் எடுப்பது உங்கள் வேலை.

கேள்வி: எங்கள் குடும்பம் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. தோட்டத் தொழிலாளர் கதைக்கு இந்த விழாவில் இடம் உண்டா?
*வாசகி, பந்தலூர்*

பதில்: உண்டு, ஆனால் தனித் துணியில், வேறுபாட்டோடு. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேர் சட்டப்படி உடைமைகள். அவர்கள் பிள்ளையும் உடைமை. கங்காணி முறையில், அதாவது முன்பணம் கொடுத்து ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளர் வழியாக, போன உங்கள் முன்னோர் அப்படியல்ல. அவர்களைக் கட்டியது கடன். கடன் தொகை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. 1921 வரை அது நடந்தது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்பு 1834இல் நடைமுறைக்கு வந்த பின்தான் இந்தியக் கூலிகள் கடல் கடந்த தோட்டங்களுக்குப் பெருமளவில் போனார்கள் என்பதையும் சேர்த்தெழுதினால் இரண்டு கதைகளும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பது விளங்கும்.

வீட்டிலுள்ள பழைய பாஸ்போர்ட், 1964 ஒப்பந்தக் காலத்துத் தாள்கள், படங்களை அவரவர் முன்னிலையிலேயே நகலெடுத்து மூலத்தை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். வைப்பது நகல் மட்டும். யாருடைய முகம் தெரிகிறதோ, அவரோ அவர் வீட்டாரோ சம்மதித்த பின் தொங்கவிடுங்கள்.